அக்கா வீட்டுக்கு நடை தூரம்

அக்காவும் தங்கையும் பேச்சை நிறுத்திய மூன்றாவது வாரம், அவர்கள் வீடுகளுக்கு நடுவே இருந்த தெரு நீள ஆரம்பித்தது. அக்கா வீடு தெருவின் ஒரு கோடியில் இருந்தது. கீழே அவள் பெண்களுக்கு முடி வெட்டும் கடை, மாடியில் குடித்தனம். தங்கை வீடு மறு கோடியில். அதுவரை ஒரு வாசலில் நின்று கூப்பிட்டால் மறு வாசலில் கேட்கும். தெரு நீள்வதை முதலில் கண்டுபிடித்தது அவர்களுடைய அம்மா. பெரியவளோடு இருந்த அவள், படித்து முடித்த செய்தித்தாளைத் தினமும் காலையில் சின்னவளிடம் கொண்டுபோய்க் கொடுப்பாள். ஒரு நாள் வந்து நாற்காலியில் பொத்தென்று உட்கார்ந்து, "என்னடி இது, தெரு வளர்ந்திருக்கு" என்றாள். வயசாகிறது இல்லையா என்றார் சின்ன மருமகன். அம்மா அவரை ஒரு பார்வை பார்த்துவிட்டுத் தண்ணீர் கேட்டாள். அடுத்த வாரம் ஏழாம் வீட்டு மதிலுக்கும் எட்டாம் வீட்டு மதிலுக்கும் நடுவே ஒரு பூனை நுழையும் அளவுக்கு இடைவெளி விழுந்தது. மாதம் முடிவதற்குள் அங்கே ஒரு கார் நிற்கலாம் போலிருந்தது. ஏழாம் வீட்டுக்காரர் நிறுத்தியும் விட்டார்.

தங்கை இணைய வரைபடம் தயாரிக்கும் நிறுவனம் ஒன்றில் வேலை பார்த்தாள். தெருவில் அவளுக்கு மேப்பம்மா என்று பெயர். எங்கெங்கோ இருந்து ஆட்கள் அனுப்பும் புகார்களை வானத்திலிருந்து எடுத்த படங்களோடு ஒப்பிட்டுத் திருத்துவது அவள் வேலை. ஆற்றின் நடுவே மூன்று வருடமாக மிதந்துகொண்டிருந்த ஒரு மருந்துக் கடையைக் கரையேற்றியிருக்கிறாள். இடித்துத் தரைமட்டமாக்கிய தியேட்டருக்கு இன்னும் ஆட்கள் வழி கேட்பதைப் பார்த்து அதை அழிக்க மனம் வராமல் ஒரு வாரம் தள்ளிப்போட்டிருக்கிறாள். உலகத்தில் ஒவ்வொரு வாசற்படிக்கும் அட்சரேகை, தீர்க்கரேகை என்று இரண்டு எண்கள் உண்டு, அந்த இரண்டும் சரியாக இருந்தால் யாரும் தொலைய மாட்டார்கள் என்பது அவள் நம்பிக்கை. அந்த நம்பிக்கையோடுதான், அம்மா குளியலறையில் வழுக்கிக் கணுக்கால் பிசகிய அன்று, தன் நிறுவனத்தின் வரைபடம் காட்டிய குறுக்குவழியில் அம்மாவை ஏற்றிக்கொண்டு காரை விட்டாள். வரைபடத்தில் நீலமாக ஓடிய அந்தச் சாலை, நேரில் குழாய் பதிக்கத் தோண்டிய பள்ளமாக இருந்தது. பின்னால் ஒரு லாரி வந்து நின்றுகொண்டது. ஆஸ்பத்திரிக்குப் போய்ச் சேர்ந்தபோது அக்கா கடையைப் பூட்டிவிட்டு ஆட்டோ பிடித்து முன்னாலேயே வந்து வாசலில் நின்றிருந்தாள்.

"ஊர் உலகத்துக்கெல்லாம் வழி சொல்றாளாம். பெத்தவளை ஆஸ்பத்திரிக்குக் கூட்டிட்டு வர வழி தெரியலை" என்றாள் அக்கா. நர்ஸ் சிரித்தாள். சின்ன மருமகனும் சிரித்துத் தொலைத்தார். தங்கைக்கு முகம் செத்துவிட்டது. "இத்தனை வருஷமா கத்திரி பிடிக்கிறே, இன்னும் ஒரு பக்கம் ஏத்தமும் ஒரு பக்கம் இறக்கமுமாத்தானே வெட்டுறே" என்று அவளும் விட்டாள். அம்மாவின் கணுக்கால் பத்து நாளில் சரியாகிவிட்டது. மகள்களின் பேச்சு சரியாகவில்லை.

தெரு ஆறு வருடம் நீண்டது. ஏழாம் வீட்டுக்கும் எட்டாம் வீட்டுக்கும் நடுவில் புதுசாக விளைந்த நிலத்தை நகராட்சி அளந்து பார்த்து, 'எங்கிருந்து வந்தது தெரியவில்லை' என்று எழுதிக்கொண்டு, கதவு எண்கள் கொடுத்தது. முதலில் ஒருவர் டீக்கடை போட்டார். அவருக்கு எங்கேயும் இடம் அமையாமல் அதுவரை தள்ளுவண்டியிலேயே காலம் போயிருந்தது. அடுத்து சாவி செய்கிறவர் ஒரு சின்ன அறை கட்டிக்கொண்டு வந்து உட்கார்ந்தார். பிறகு புதுசாகக் கல்யாணமான ஒரு ஜோடி, இரண்டு அறையும் ஒரு சமையலறையுமாக வீடு கட்டி, கதவுக்கு மஞ்சள் வர்ணம் அடித்தது. அம்மாவின் நடை வருடா வருடம் கூடிக்கொண்டே போனது. டீக்கடையில் உட்கார்ந்து ஒரு டீ குடித்துவிட்டுப் பாதிச் செய்தித்தாளை அங்கேயே படித்துக் காட்டிவிட்டுத்தான் மறு கோடிக்குப் போவாள். கால் முன்னைவிட உறுதியாகிவிட்டது என்று டாக்டர் ஆச்சரியப்பட்டார். மகள்கள் சேராமல் இருந்தால் எனக்குச் சர்க்கரை ஏறாது போலிருக்கு என்று அம்மா டீக்கடைக்காரரிடம் சொல்லி வருத்தப்பட்டாள்.

மேப்பம்மாவுக்கு வேறு கவலை. வானத்திலிருந்து எடுத்த படத்தில் தெரு பழைய நீளத்திலேயே இருந்தது. அவள் வீட்டு வாசலின் எண்களும் மாறவில்லை, அக்கா வீட்டு வாசலின் எண்களும் மாறவில்லை. ஒரு ஞாயிற்றுக்கிழமை போனைக் கையில் வைத்துக்கொண்டு நடந்து பார்த்தாள். ஏழாம் வீடு வரை நீலப் புள்ளி அவளோடு சமர்த்தாக வந்தது. அதன்பிறகு அவள் டீக்கடையைத் தாண்டினாள், சாவிக்கடையைத் தாண்டினாள், மஞ்சள் கதவைத் தாண்டினாள். புள்ளி பாகில் விழுந்த எறும்பு மாதிரி அதே இடத்தில் துடித்துக்கொண்டிருந்தது. அத்தனை கடையும் வீடும் வரைபடத்தில் ஒரே புள்ளிமேல் ஒன்றன்மேல் ஒன்றாகக் குவிந்து கிடந்தன. சாவிக்கடையைத் தேடியவர்கள் டீக்கடைக்கு வந்து நின்றார்கள். புது ஜோடிக்கு வந்த கட்டில் ஏழாம் வீட்டில் இறங்கியது. அலுவலகத்தில் மேலதிகாரியிடம் விஷயத்தைச் சொன்னாள். அவர் காபியை ஆற்றிக்கொண்டே, "எடம் ரெண்டும் எங்கே இருக்குன்னு சரியா இருக்கில்ல? அப்ப நம்ம வேலை முடிஞ்சுது" என்றார். அது உண்மைதான். எந்த வீடு எங்கே இருக்கிறது என்று இத்தனை வருடம் சரியாகச் சொல்லிவந்திருக்கிறாள். ஒரு வீட்டிலிருந்து இன்னொரு வீட்டுக்குப் போய்ச் சேர எவ்வளவு ஆகும் என்று அவளை யாரும் கேட்டதில்லை, அவளும் யோசித்ததில்லை. அன்று மாலை வேலை ஓடவில்லை.

அந்தச் சமயத்தில்தான் அவள் மேசைக்கு ஒரு புகார் வந்தது. 'எங்கள் முடி வெட்டும் கடையிலிருந்து உறவினர் ஒருவர் வீட்டுக்கு இரண்டு நிமிட நடை என்று காட்டுகிறீர்கள். இருபது நிமிடம் ஆகிறது. கண்ணை எங்கே வைத்துக்கொண்டு வேலை பார்க்கிறீர்கள்?' யார் அனுப்பியது என்று பார்க்கத் தேவையே இல்லை. தங்கை, அலுவலகத்தில் எல்லோருக்கும் அனுப்பும் பதிலை அனுப்பினாள்: 'உங்கள் கருத்துக்கு நன்றி. ஆய்வில் உள்ளது.' மறுநாள் இன்னொன்று வந்தது. 'ஆய்வு செய்கிறவர் வேளாவேளைக்குச் சாப்பிடுகிறாரா? அம்மா சொன்னதில் இளைத்துவிட்டதாகத் தெரிகிறது.' இதற்கு அலுவலகத்தில் தயார்ப் பதில் எதுவும் இல்லை. அவளே, 'சாப்பிடுகிறார். முடிதான் கொட்டுகிறது' என்று அடித்து அனுப்பினாள். 'எந்தத் தண்ணீரில் குளிக்கிறாய்? போர் தண்ணீர் ஆகாது' என்று உடனே வந்தது. மரியாதை போய்விட்டதைப் பார்த்ததும் தங்கைக்குக் கண் கலங்கிவிட்டது. அந்த மாதம் முழுவதும் வரைபடப் புகார்ப் பெட்டி வழியாகவே இரண்டு பேரும் பேசிக்கொண்டார்கள். திருத்தம் ஏற்கப்பட்டது, திருத்தம் ஏற்கப்பட்டது என்று கணினி பாட்டுக்குச் சொல்லிக்கொண்டிருந்தது.

தெரு சுருங்க ஆரம்பித்தது. சாவிக்காரர் ஒரு நாள் வந்து கடையைத் திறந்தால் கதவு நிலையில் உரசியது. டீக்கடை பெஞ்சு தெருவுக்கு வந்துவிட்டது. மஞ்சள் கதவு வீட்டில் கட்டிலைச் சுவரோடு ஒட்டிப் போட்டும், எதிர்ச் சுவர் வந்து அதைத் தொட்டது. அந்தப் பெண்ணுக்கு அப்போது ஏழாம் மாதம். அம்மா வழக்கத்தைவிடச் சீக்கிரம் வந்து சேர்கிறாளே என்று யோசித்த டீக்கடைக்காரர்தான், மகள்கள் பேச ஆரம்பித்ததிலிருந்துதான் தெரு சுருங்குகிறது என்று கணக்குப் போட்டுக் கண்டுபிடித்தார். அன்று மாலை இரண்டு கடைக்காரர்களும் மஞ்சள் கதவு வீட்டு ஜோடியும் மேப்பம்மாவின் வீட்டுக்கு வந்து, உட்காரச் சொன்னாலும் உட்காராமல் நின்றார்கள்.

"நீங்க ரெண்டு பேரும் சேரக் கூடாதுன்னு சொல்ல எங்களுக்கு வாய் வரலைம்மா. அது பாவம்" என்றார் டீக்கடைக்காரர். "கொஞ்சம் மெதுவா சேருங்கன்னுதான் கேட்க வந்தோம்."

"இவளுக்குப் பிரசவம் ஆகுற வரைக்குமாவது" என்றான் புது மாப்பிள்ளை. அவன் மனைவி சுவரில் சாய்ந்து நின்றுகொண்டிருந்தாள்.

தங்கை அன்று இரவு சரியாகச் சாப்பிடவில்லை. மறுநாள் அலுவலகத்துக்குப் போய், புகார்ப் பெட்டியில், 'நேரில் பார்க்க வேண்டும். டீக்கடை' என்று மட்டும் எழுதினாள்.

ஆறு வருடத்துக்குப் பிறகு அக்காவும் தங்கையும் டீக்கடை பெஞ்சில் பக்கத்தில் பக்கத்தில் உட்கார்ந்தார்கள். அக்காவுக்கு முன்நெற்றியில் நரை விழுந்திருந்தது. ஊர் முடியை எல்லாம் பார்த்துக்கொண்டு தன் முடியைக் கவனிக்கவில்லை. தங்கையின் கொண்டையைத் தொட்டுப் பார்த்து, "இவ்வளவுதான் மிச்சமா?" என்றாள் அக்கா. டீ வந்தது. குடித்தார்கள். சாவிக்காரர் தன் வாசலில் நின்று கையைப் பிசைந்துகொண்டிருந்தார். அக்கா டம்ளரைக் கீழே வைத்தாள்.

"அன்னைக்கு ஆஸ்பத்திரியில நான் அப்படிச் சொல்லியிருக்க..."

டீக்கடை சுவர் ஒரு முழம் நகர்ந்து வந்து அவர்கள் முதுகில் முட்டியது. பாய்லர் ஆடியது. "அம்மா, வேண்டாம்மா!" என்று கத்தினார் டீக்கடைக்காரர். மஞ்சள் கதவு வீட்டுக்குள் ஏதோ பாத்திரம் உருண்டு விழும் சத்தம் கேட்டது. தங்கை சட்டென்று அக்காவின் வாயைக் கையால் பொத்தினாள்.

"சொல்லாதேக்கா."

அக்கா அவள் கையை விலக்கினாள். "ஏண்டி? ஆறு வருஷமா நெஞ்சுல கிடக்கு."

"நீ சொல்லி முடிச்சா இவங்க எல்லாம் எங்கே போவாங்க?"

அக்கா திரும்பிப் பார்த்தாள். அந்தப் பெண் வயிற்றைப் பிடித்துக்கொண்டு வாசலுக்கு வந்து நின்றிருந்தாள். தங்கை அந்த ஒரு வார்த்தைக்காகத்தான் ஆறு வருடமாகக் காத்திருந்தாள். குளிக்கும்போதும் கார் ஓட்டும்போதும், அக்கா அதைச் சொல்வது போலவும், தான் பெருந்தன்மையாகப் போனால் போகிறது என்று சொல்வது போலவும் எத்தனையோ தடவை நினைத்துப் பார்த்திருக்கிறாள். இப்போது அது அக்காவின் வாய் வரைக்கும் வந்து நின்றுவிட்டது. அதைக் கண்ணால் பார்த்தாகிவிட்டது. காதால் கேட்காவிட்டால்தான் என்ன என்று அவளுக்குத் தோன்றியது. அப்படித் தோன்றியது அவளுக்கே வியப்பாக இருந்தது.

"சரி" என்றாள் அக்கா. "அப்ப தப்பு உன் மேலதான். அந்தச் சாலை தோண்டிக் கிடந்தது ஊருக்கே தெரியும்."

"உன் மேலதான் தப்பு. நாலு பேர் முன்னாடி என்னை அப்படிப் பேசினே."

"அப்படியே வெச்சுக்கோ."

"நீயும் வெச்சுக்கோ."

சுவர் வந்த வழியே பின்வாங்கி, பழைய இடத்துக்கு ஒரு சாண் முன்னால் நின்றது. சாவிக்காரர் கதவைத் திறந்து மூடிப் பார்த்தார், உரசவில்லை. டீக்கடைக்காரர் இன்னொரு டீ கொண்டுவந்து வைத்தார். அக்கா தங்கையின் கொண்டையை அங்கேயே அவிழ்த்து, நுனி எல்லாம் வெடித்திருக்கிறது, நாளைக்குக் கடைக்கு வா என்றாள்.

தெரு அந்த நீளத்திலேயே நிலைத்துவிட்டது. அந்தப் பெண்ணுக்குப் பெண் குழந்தை பிறந்தது. கட்டிலுக்குப் பக்கத்தில் தொட்டில் போட இடம் இருந்தது. அக்காவும் தங்கையும் எல்லாமே பேசிக்கொள்கிறார்கள், அந்த ஒன்றைத் தவிர. அந்தப் பேச்சு எப்போதாவது எழுந்தால் இருவரும் முறைத்துக்கொண்டு அவரவர் கட்சியில் உறுதியாக நிற்கிறார்கள். அதுவும் நடிப்பு இல்லை, அதில் இரண்டு பேருக்குமே உள்ளூரக் கொஞ்சம் கோபம் மிச்சம் இருக்கிறது. மேலதிகாரி மாற்றலாகிப் போன பிறகு, வரைபடத்தில் குவிந்து கிடந்த கடைகளையும் வீடுகளையும் மேப்பம்மா ஒவ்வொன்றாகப் பிரித்து வரிசையாக வைத்து, நடை தூரத்தைக் கையாலேயே மாற்றி எழுதினாள். படத்தோடு பொருந்தவில்லையே என்று சரிபார்க்க வந்த புது அலுவலர் தெருவை ஒரு முறை நடந்து பார்த்தார், காரணம் கேட்டார். அக்கா தங்கச்சி சண்டை என்றார்கள். அவர் அதை அப்படியே எழுதிக்கொண்டு போனார். இவ்வளவு நீளத் தெருவில் வயசானவர்கள் எப்படி நடப்பார்கள் என்று நகராட்சி ஒரு மினி பஸ் விட்டிருக்கிறது. அம்மா ஏறுவதில்லை. மேப்பம்மா தினமும் சாயங்காலம் வேலை முடிந்ததும் அக்கா வீட்டுக்கு நடந்து போகிறாள். மழை பெய்தால் பஸ்ஸில் போகிறாள்.