இருபத்துமூன்றாவது வேலை எதற்குக் காத்திருக்கிறது

1

இந்தக் கதை ஒரு எக்செல் தாளில் பிறந்தது. சொல்லிக்கொள்ளும்படியான பிறப்பிடம் இல்லை, ஒப்புக்கொள்கிறேன். மற்றவர்களுக்குக் கதை மழையில் வருகிறது, ரயில் ஜன்னலோரம் வருகிறது. எனக்கு நாற்பத்தொரு வரியும் மூன்று கட்டமுமாக வந்து சேர்ந்தது. 2003இல் திருவொற்றியூரில் ஒரு மீன் ஏற்றுமதிக் கம்பெனியில் தயாரான தாள் அது. ஒவ்வொரு வரியும் அந்தக் கம்பெனியின் கம்ப்யூட்டர் தினமும் செய்ய வேண்டிய ஒரு வேலை: படகுப் பட்டியல் எடுப்பது, ஐஸ் ஆர்டரை ஃபேக்ஸில் அனுப்புவது, லாரி ஒதுக்குவது, பெட்டிகளுக்கு லாட் நம்பர் அடிப்பது. வேலையின் பெயர், எத்தனை மணிக்கு, எதற்குக் காத்திருக்கும். அவ்வளவுதான் மூன்று கட்டமும்.

இந்த நாற்பத்தொன்றையும் ஒன்றன்பின் ஒன்றாக ஓர் ஆள் உட்கார்ந்து கிளப்பிவிட வேண்டியிருந்தது. அந்த ஆளுக்குப் பதிலாக ஒரு மென்பொருள் வாங்கலாம் என்று கம்பெனி முடிவு செய்தது. எந்த மென்பொருள் என்பதுதான் கதை. (எழுந்து போகிறவர்கள் இப்போதே போகலாம். செருப்பை மாற்றிப் போட்டுக்கொண்டு போகாதீர்கள்.)

எப்படித் தொடங்குவது என்று நான்கு நாள் அல்லாடினேன்.

"எண்ணூர்ப் பக்கமிருந்து சாம்பல் கலந்த காற்று வீசிய ஒரு காலை—" வேண்டாம். வடசென்னைக் கதை என்றால் சாம்பலில்தான் ஆரம்பிக்க வேண்டும் என்று யாரோ சட்டம் போட்டு வைத்திருக்கிறார்கள்.

"கார்குழலி கடலின் மகள், அலைகள் அவளைத் தாலாட்டி—" ஐயோ. அவளுக்குக் கடலில் கால் நனைக்கவே பிடிக்காது.

"கார்குழலிக்கு இரண்டு மென்பொருள்களில் ஒன்றைத் தேர்ந்தெடுக்க வெள்ளிக்கிழமை வரை நேரமிருந்தது."

இது மொட்டையாக இருக்கிறது. ஆனால் உண்மை. இருக்கட்டும்.

2

கார்குழலிக்கு வயது முப்பத்திரண்டு. கம்பெனியின் கம்ப்யூட்டர் பிரிவுக்கு அவள்தான் பொறுப்பு. பிரிவு என்றால் ஒரு ஏசி அறை, இரண்டு சர்வர், ஒரு ஃபேக்ஸ், வாசலில் கழற்றிவிட்ட இரண்டு ஜோடி செருப்பு. ஒரு ஜோடி அவளுடையது, இன்னொன்று நீலாவுடையது. நாற்பத்தொரு வேலைகளையும் கிளப்பிவிடும் அந்த ஆள் நீலாதான்.

இருவரும் ஒரே மீனவர் குப்பத்தில் பிறந்தவர்கள். கார்குழலி கல்யாணமாகித் தண்டையார்பேட்டைக்குப் போய்விட்டாள். நீலா இன்னும் குப்பத்தில்தான் இருக்கிறாள். கம்பெனிக்கு மீன் போடுவதும் அதே குப்பத்தின் அறுபத்திரண்டு ஃபைபர் படகுகள்தான். நீலா பிளஸ் டூ முடித்துவிட்டு ஐந்து வருடம் கம்பெனியின் இறால் ஷெட்டில் தோல் உரித்தாள். ஐஸ் தண்ணீரில் எட்டு மணி நேரம் கை. விரல் இடுக்கெல்லாம் வெளுத்துப் புண்ணாகி, சோறு பிசைந்தால் எரியும். பெட்டிகளின் மேலிருக்கும் லாட் நம்பர்களை அவள் சும்மாவே மனப்பாடமாக ஒப்பிப்பதைக் கேட்டு, மேனேஜரிடம் சண்டை போட்டு, அவளை ஏசி அறைக்குக் கொண்டுவந்தவள் கார்குழலி. அது நடந்து இரண்டு வருடம் ஆகிறது. நீலாவின் கைகள் இப்போது ஆறிவிட்டன.

மேனேஜர் கருணாகரன் இரண்டு பெட்டிகளை மேசைமேல் வைத்தார். மென்பொருள் அப்போதெல்லாம் சோப்புப் பவுடர் போலப் பெட்டியில்தான் வரும்.

முதல் பெட்டிக்குக் கடிகாரம் மட்டும் தெரியும். மணி அடித்தால் வேலையைக் கிளப்பும். முந்தையது முடிந்ததா, பாதியில் படுத்துவிட்டதா என்று பார்க்காது. பக்கத்தில் ஓர் ஆள் இருந்தே தீரவேண்டும். இரண்டாவது கெட்டிக்காரப் பெட்டி. ஒன்று முடிந்தால்தான் அடுத்ததைத் தொடும், ஏதாவது தவறினால் போனுக்கு எஸ்எம்எஸ் அனுப்பும். ஆள் வேண்டாம்.

"ரெண்டையும் பாத்து வெள்ளிக்கிழமை எழுதிக் குடும்மா. ஆளே வேணாம்னா நல்லது. ஷெட்ல உரிக்கறதுக்கு ஆள் பத்தல. நீலாவத் திருப்பி அங்க அனுப்பிடலாம்" என்றார் கருணாகரன்.

அவர் கெட்டவர் இல்லை. (கெட்டவராக எழுதிப் பார்த்தேன், மீசையெல்லாம் வைத்தேன், கதை சினிமாவாகிவிட்டது. அடித்துவிட்டேன்.)

3

கார்குழலிக்குப் படபடப்பு அன்றைக்கே தொடங்கிவிட்டது. நல்ல மென்பொருளை நல்லது என்று எழுதினால் நீலாவின் கை மறுபடி ஐஸ் தண்ணீரில். மட்டமானதை நல்லது என்று எழுதினால் பொய். எழுதினாள், கிழித்தாள். டீ வாங்கி வைத்துக் குடிக்காமல் ஆறவிட்டாள். ஜன்னலுக்குப் போனாள், திரும்பி வந்து அதே நாற்காலியில் உட்கார்ந்தாள்.

"இன்னாக்கா, எந்தப் பொட்டி?" என்று நீலாவே கேட்டுவிட்டாள்.

"இன்னும் பாத்துகினு கீறேன்."

"என்னாண்ட மறைக்காதக்கா. செக்யூரிட்டி வரிக்கும் தெரிஞ்சிப்போச்சி. ரெண்டாவது பொட்டி வந்தா நான் ஷெட்டுக்கு."

"அப்டிலாம் வுட்ருவேனா?"

"நீ இன்னா பண்ணுவ? பொய் எழுதுவியா?"

நீலா திரும்பி உட்கார்ந்து பதினெட்டாவது வேலையைக் கிளப்பிவிட்டாள். அவள் தட்டச்சுச் செய்யும் சத்தம் வழக்கத்தைவிடக் கொஞ்சம் பலமாகக் கேட்டது.

(கார்குழலியின் மனசுக்குள் நடந்ததெல்லாம் உனக்கெப்படித் தெரியும் என்று கேட்பீர்கள். தெரியாது. ஆறிப்போன டீயை மட்டும் பார்த்தேன். மீதியை அதிலிருந்து எடுத்துக்கொண்டேன்.)

4

பார்த்தேன் என்று வாய்தவறிச் சொல்லிவிட்டேன். இனி மறைத்துப் பயனில்லை. இரண்டாவது பெட்டியை விற்க வந்தவன் பெயர் மணி. டை கட்டி, புறநகர் ரயிலில் வந்து, வியர்வையோடு ஏசி அறையில் நுழைந்து "ஹலோ மேடம்" என்றவன். அந்த மணி நான்தான். கதையில் அவனைத் தூரத்தில் நிறுத்தி 'அவன்' என்றே எழுதப் போகிறேன். எனக்கு அது வசதி.

புதன்கிழமை காலை செய்முறை விளக்கம். கார்குழலி நிரப்பிய தாளை வரிக்கு வரி மென்பொருளில் ஏற்றியிருந்தான் மணி. இருபத்துமூன்றாவது வரி: ஐஸ் ஆர்டர். எத்தனை மணிக்கு: பத்தரை. எதற்குக் காத்திருக்கும்: ஒன்றுமில்லை. படகுகள் விடியலுக்கு முன்னால் போய்விடும், மதியம் திரும்பும். அதற்குள் ஐஸ் கரைக்கு வந்திருக்க வேண்டும். தினமும் நடப்பது.

அன்று நீலா வரவில்லை. கோபம், வேறென்ன என்று நினைத்தாள் கார்குழலி. தன் வேலையைப் பறிக்கும் பெட்டி ஓடுவதை எந்தப் பெண் வந்து பார்ப்பாள்? கொஞ்சம் நிம்மதியாகக்கூட இருந்தது அவளுக்கு. அதை நினைத்து வெட்கமாகவும் இருந்தது.

பத்தரை. யாரும் கை வைக்கவில்லை. ஃபேக்ஸ் தானாகக் கீச்சிட்டு, ஐஸ் ஃபேக்டரிக்கு நூற்றெண்பது பார் ஐஸ் கட்டிக்கு ஆர்டர் போனது. கருணாகரன் கைதட்டினார். மணி பணிவாகச் சிரித்தான்.

பன்னிரண்டு மணிக்குக் கரையிலிருந்து ஐஸ் ஏற்றிப்போன லாரி டிரைவர் ஜாபர் போன் செய்தார். ஸ்பீக்கரில் எல்லாருக்கும் கேட்டது.

"சார், இன்னா வேலை சார் இது? ஒரு படகுகூட கடலுக்குப் போவல. எல்லாம் கரையில கீது. தெருவுல பந்தல் போட்டுகீறாங்க, பொணம் கீது. நான் தெரியாம ஹாரன் அட்சிகினு உள்ள வந்துட்டேன். வண்டிய சுத்தி நின்னுகினு கீறாங்க சார்."

செத்தது தாயம்மா. நீலாவின் பெரியம்மா.

5

இந்த இடத்தில் கதையை நிறுத்தி ஒன்று சொல்ல வேண்டும்.

அந்தக் குப்பத்தில் ஒரு சாவு விழுந்தால், உடல் சுடுகாட்டுக்குப் போகும்வரை ஒரு படகும் கடலில் இறங்காது. பங்காளி வீடா, பகையாளி வீடா என்று பார்ப்பதில்லை. கார்குழலிக்கு இது நடக்கத் தெரிந்த நாளிலிருந்து தெரியும். பிறகு ஏன் தாளில் எழுதவில்லை? நான் கேட்டேன். "அதெல்லாமா எழுதுவாங்க?" என்று திருப்பிக் கேட்டாள். அவளுக்கு அது ஒரு விதி என்றே தோன்றவில்லை.

இன்னொன்றும் இருந்தது. முந்தைய இரண்டு வருடத்தில் குப்பத்தில் பதினோரு சாவு. பதினோரு நாளும் ஐஸ் ஆர்டர் போகவில்லை. அலுவலகத்தில் யாரும் அதைக் கவனித்ததும் இல்லை. ஏனென்றால் அந்த நாட்களில் நீலா சாவு வீட்டில் இருந்தாள். அவள் அறைக்கு வரவில்லை, அதனால் வேலை கிளம்பவில்லை. அடுத்த நாள் வந்து 'லீவு' என்று எழுதிக்கொடுப்பாள், அவ்வளவுதான். மற்றபடி அவள் லீவே எடுத்ததில்லை.

அன்றைக்கும் அவள் சரியாகத்தான் நடந்துகொண்டாள். பெட்டிதான் போகவில்லை துக்கத்துக்கு.

ஐஸ் என்ன ஆயிற்று? முதல் வரைவில் அதைத் தெருவில் உருகவிட்டு, தண்ணீர் சாக்கடையில் ஓடுவதை ஒரு பக்கம் வர்ணித்தேன். நடந்தது வேறு. ஊர்ப் பெரியவர்கள் ஜாபரைத் திட்டித் தீர்த்தபின் நீலாதான் லாரி அருகே வந்தாள். வெளியூரிலிருந்து தாயம்மாவின் மகள் வரச் சாயங்காலம் ஆகும், வெயிலோ மண்டையைப் பிளந்தது. "எட்டு பார் எறக்கு நைனா" என்றாளாம். பெரியம்மாவைச் சுற்றி அதை அடுக்கினார்கள். நான் அனுப்பிய ஐஸ். இதை எழுதும்போது எனக்கு அழுகை வருகிறது. அன்று வரவில்லை, அன்று என் பெட்டிக்கான ஆர்டர் கைநழுவிவிடுமே என்ற பயம்தான் இருந்தது.

6

மறுநாள் வியாழன். நீலா வந்தாள், கண் வீங்கியிருந்தது. குப்பத்துப் பெரியவர்கள் இரண்டு நாள் கம்பெனிக்கு மீன் போட மாட்டோம் என்று சொல்லியனுப்பியிருந்தார்கள். கருணாகரன் மேசையைத் தட்டிக்கொண்டே இருந்தார்.

மணியிடம் தீர்வு இருந்தது. விற்பவனிடம் எப்போதும் இருக்கும். "சிம்பிள் சார். 'நிறுத்து'ன்னு ஒரு பட்டன் வெச்சுடறேன். சாவு நடந்தா யாராவது வந்து அதைத் தட்டிட்டா போதும், அன்னிக்கு ஐஸ் ஆர்டர் போகாது."

கருணாகரனுக்கு முகம் மலர்ந்தது. "நீலா இருக்காளே. ஷெட்லயே இருக்கட்டும். சாவு தினமுமா வருது? வர்ற அன்னிக்கு ஓடிவந்து தட்டிட்டுப் போறா."

நீலா எழுந்து நின்றாள். (நான் அவளை எழுந்து நிற்கச் சொல்லவில்லை. அவளுக்கு ஒரு நல்ல அழுகைக் காட்சி எழுதி வைத்திருந்தேன்.)

"பொணத்தப் போட்டுட்டு நான் வந்து பட்டன் தட்டணுமா சார்? எங்கம்மா செத்தாலும் வரணுமா? எறா உரிக்கச் சொல்லு, உரிச்சிக்கறேன். கை பூடும், அவ்ளோதான. இந்த வேலைக்கு என்னக் கூப்புடாத."

சொல்லிவிட்டு வெளியே போனாள். வாசலில் செருப்பு மாட்டும் சத்தம் கேட்டது.

கார்குழலி தாளைத் திறந்தாள். பிறகு இருபத்துமூன்றாவது வரியின் மூன்றாவது கட்டத்தில் 'ஒன்றுமில்லை' என்பதை அழித்தாள். தினமும் வந்து ஓர் ஆள் கிளப்பினால்தான் வேலை போக வேண்டும். அந்த ஆள் வராத நாளில் போகக் கூடாது. இத்தனை நாள் அப்படித்தான் ஓடியது. எதற்குக் காத்திருக்கும் என்ற கேள்விக்குப் பொய் கலக்காத பதில் ஒன்றுதான் இருந்தது. எழுதினாள்: 'நீலா.'

7

முடிவுகள் சில கைவசம் இருக்கின்றன.

(அ) கருணாகரன் தாளைப் படித்து மனம் மாறுகிறார். இதை நானே நம்பவில்லை.

(ஆ) கார்குழலி ராஜினாமா செய்து— அவளுக்கு வீட்டில் இரண்டு குழந்தைகள். இல்லை.

(இ) நடந்தது. நடந்ததை ஒரு வரிக்கு முன்னால்வரை சொல்கிறேன்.

வெள்ளிக்கிழமை பதினோரு மணி. கருணாகரன் தாளைப் படித்தார். கண்ணாடியைக் கழற்றினார். கார்குழலியைக் கேட்கவில்லை, மணியைப் பார்த்துக் கேட்டார்.

"நீங்க சொல்லுங்க மணி. இதுக்கு ஆள் இருந்தே ஆகணுமா? இல்ல, உங்க சாஃப்ட்வேர்லயே வேற வழி இருக்கா?"

கார்குழலி நின்றபடி மணியைப் பார்த்தாள். கதவு பாதி திறந்திருந்தது. நீலா வெளியே நின்றிருந்தாள் என்பது அவனுக்குத் தெரியும். அந்த மாதம் அவன் ஒரு பெட்டிகூட விற்றிருக்கவில்லை. 'ஆள் வேண்டாம்' என்பதுதான் பெட்டியின் மேல் அச்சடித்திருந்த வாசகம். வேற வழி என்று எதையாவது சொல்ல முடியும்; அது ஓடாது என்பதும் தெரியும்.

மணி வாயைத் திறந்தான்.

அவன் சொன்ன வாக்கியத்தை எட்டுத் தடவை எழுதி எட்டுத் தடவையும் அடித்துவிட்டேன். அதனால் இதை உங்களிடம் விடுகிறேன். நீங்கள் நல்ல பதிலைத்தான் சொல்வீர்கள், எனக்குத் தெரியும். உங்களுக்கு அந்த ஆர்டர் தேவையில்லை.