இல்லாத காரின் கியர் பாக்ஸ்

1.

இந்தக் கதையை நான் யோசித்துக் கண்டுபிடிக்கவில்லை. என் தங்கை வீட்டு ஃபிரிட்ஜ் கதவிலிருந்து எடுத்தேன்.

தண்ணீர் பாட்டில் எடுக்கப் போனபோது, காந்த வில்லைக்கு அடியில் ஒரு தாள் இருந்தது. மாப்பிள்ளையின் குண்டு குண்டான கையெழுத்து. "நான்கு டயர் – ஒரு சம்பளம். முன் பிரேக், தட்டுகளோடு – முக்கால் சம்பளம். இன்சூரன்ஸ் – முக்கால். கிளட்ச் – ஒன்றரை." முதல் இரண்டுக்கும் பக்கத்தில் டிக் அடித்திருந்தது. அவர்கள் வீட்டில் கார் கிடையாது. பத்து வருடப் பழைய மோட்டார் சைக்கிள் ஒன்றுதான்.

"யாரு காருக்கு இதெல்லாம்?" என்று கேட்டேன்.

"எங்க காருக்குத்தான்," என்றாள் தங்கை, தரை துடைத்த துணியைப் பிழிந்தபடி.

"எங்க நிக்குது?"

"இன்னும் வாங்கல அண்ணா."

"வாங்காத காருக்கு டயரா?"

"டயர் போன மாசமே மாத்தியாச்சு. இப்ப பிரேக் ஓடிக்கிட்டிருக்கு."

அவள் சிரிக்கவில்லை. எழுதுகிறவனுக்கு அந்த ஒன்று போதும். அன்றே அனுமதி கேட்டேன். இரண்டு நிபந்தனைகள் போட்டாள். தொகையை எண்ணில் எழுதக்கூடாது. எழுதினால் சொந்தக்காரர்கள் கடன் கேட்டு வருவார்கள். மாப்பிள்ளையைக் கோமாளி ஆக்கக்கூடாது. முதலாவதைக் காப்பாற்றிவிட்டேன்: இங்கே எல்லாத் தொகையும் மாப்பிள்ளையின் மாதச் சம்பளத்தில்தான் வரும். இரண்டாவதைப் பற்றி ஐந்தாம் பகுதியில் சொல்கிறேன்.

2.

தொடக்கங்கள் மூன்று எழுதிப் பார்த்தேன்.

"அந்தக் கார் இருட்டில் படுத்திருக்கும் சிறுத்தையைப் போல—"

(தங்கை படித்துவிட்டு, "சிறுத்தைக்கு சர்வீஸ் கிடையாது," என்றாள். அத்தோடு அந்த வாக்கியம் செத்தது.)

"மனிதன் தன்னால் தாங்க முடியாத ஒன்றை விரும்பும்போதுதான்—"

(இதை நானே நிறுத்திவிட்டேன். இப்படித் தொடங்குகிற எவனும் கடைசியில் புத்தி சொல்லாமல் விடமாட்டான்.)

"மாப்பிள்ளை ஒரு லிஃப்ட் மெக்கானிக்."

இது சாதுவான வாக்கியம். இதைப் பிடித்துக்கொண்டே போகிறேன்.

3.

மாப்பிள்ளை ஒரு லிஃப்ட் மெக்கானிக். நகரத்தில் இருபத்தேழு கட்டடங்கள் அவர் பொறுப்பு. மாதம் ஒருமுறை ஒவ்வொன்றுக்கும் போய், கம்பி வடம், பிரேக், கதவு எல்லாவற்றையும் பார்த்து, மேலே இயந்திர அறையில் தொங்கும் அட்டையில் தேதி போட்டுக் கையெழுத்திடவேண்டும். பார்க்காமல் கையெழுத்து போட்டதில்லை என்பது அவருடைய ஒரே பெருமை. அதையும் அவர் சொல்லிக்கொள்வதில்லை, தங்கைதான் சொல்வாள்.

அந்த இருபத்தேழில் ஒரு கட்டடத்தின் கீழ்த்தளத்தில்தான் அந்தக் கார் நின்றது. கரும்பச்சை நிறம். இரண்டு கதவு, ஆறு சிலிண்டர், பன்னிரண்டு வயது. நான்காம் மாடியில் பல் கிளினிக் வைத்திருந்த டாக்டரம்மாவுடையது. லிஃப்ட் அடிக்குழியில் இறங்கி வேலை பார்க்கிற நாட்களில், அந்தக் கார் கிளம்பும் சத்தம் சுவர் வழியாகக் காலுக்கு வரும் என்பார் மாப்பிள்ளை. அந்தச் சத்தத்துக்காகவே அடிக்குழி வேலையை மாலை ஐந்து மணிக்குத் தள்ளிவைத்த கதையையும் என்னிடம் சொன்னார். ஆறு வருடம் இப்படி.

ஒருநாள் லிஃப்டுக்குள் டாக்டரம்மாவே கேட்டார். "இந்தக் காரை நீங்க பார்க்கற பார்வைய நானும் பார்த்துக்கிட்டுதான் இருக்கேன். அடுத்த வருஷம் கிளினிக்க மூடறேன். மணிக்கட்டு வலி. கிளட்ச் அழுத்தினா முழங்கால் வேற. வேணுமா?"

சொன்ன விலை ஏழு சம்பளம். புதிதில் அதன் விலை அறுபது சம்பளம் இருந்திருக்கும். அவர்கள் சேமிப்பில் ஏழு இருந்தது.

மாப்பிள்ளை வீட்டுக்கு வந்து, செருப்பைக் கழற்றாமலே சொன்னார். தங்கை ஒரு ரத்தப் பரிசோதனை லேபில் வேலை செய்கிறவள். எதையும் அளந்து பார்க்காமல் ஒன்றும் சொல்லமாட்டாள். "வாங்கறது கஷ்டமில்லீங்க. வச்சுக்கறது எப்படி?" என்று கேட்டாள்.

4.

அதற்காக ஒரு சனிக்கிழமை இருவரும் அந்தக் காரைப் பராமரிக்கும் மெக்கானிக்கிடம் போனார்கள். அறுபது தாண்டியவர். எதையும் இரண்டு முறை அளந்துவிட்டுத்தான் பேசுவார் என்பதால் அந்தத் தெருவில் அவருக்கு 'அளவுகோல்' என்று பெயர். கையைத் துடைத்துக்கொண்டு அவர் சொன்னதை என்னால் மேம்படுத்த முடியவில்லை:

"விலை இறங்கினது காருக்குத்தாம்மா. பார்ட்ஸுக்கு அந்த விஷயம் தெரியாது. இது இன்னும் புதுக் கார்னு நெனச்சுக்கிட்டுதான் பில்லு வரும். ஏழு குடுத்து வாங்கறீங்க. ஆனா வச்சுக்கறது அறுபது சம்பளக் கார்."

"வருஷத்துக்கு எவ்வளவு ஆகும்?"

"மாசம் ஒரு மூணுல ஒரு பங்கு சம்பளம் எடுத்து வைங்க. கார் நல்லா இருக்கற மாசமும் வைங்க. நல்ல மாசத்துக் காசுதான் கெட்ட மாசத்துக்கு."

"எது எப்ப போகும்?"

"அது தெரிஞ்சா நான் ஏன்மா கடை வச்சிருக்கேன்?"

தங்கை கொஞ்ச நேரம் யோசித்துவிட்டு, பையிலிருந்து ஒரு நோட்டை எடுத்து அவரிடம் கொடுத்தாள். "அப்ப பன்னெண்டு சீட்டு எழுதிக் குடுங்க. ஒரு வருஷத்துல என்னென்ன வரலாமோ அத்தனையும். மாசம் ஒண்ணு எடுக்கறோம்."

அளவுகோலுக்கு இது பிடித்துவிட்டது. பென்சிலைக் கூர் தீட்டிக்கொண்டு உட்கார்ந்தார். ஐந்து சீட்டில் 'செலவில்லை'. மற்ற ஏழில் டயர், பிரேக், இன்சூரன்ஸ், கிளட்ச், சஸ்பென்ஷன், ரேடியேட்டர், கியர் பாக்ஸ். கியர் பாக்ஸ் சீட்டில் மட்டும் தொகைக்குக் கீழே கோடு போட்டார். இரண்டு சம்பளம்.

ஏற்பாடு இதுதான். மாதம் ஒன்றாம் தேதி மூன்றில் ஒரு பங்கு சம்பளம் பிஸ்கட் டப்பாவில் விழும். பிறகு, அதே டப்பாவில் மடித்துப் போட்டிருக்கும் சீட்டுகளில் ஒன்றை எடுக்கவேண்டும். சீட்டில் வந்த தொகை டப்பாவிலிருந்து ஒரு துணிப்பைக்கு மாறும். அது செலவான காசு, தொடக்கூடாது. டப்பாவில் போதாவிட்டால் வீட்டுச் செலவில் கைவைக்கவேண்டும். இப்படி ஒரு வருடம் தாக்குப்பிடித்தால் கார்.

இரண்டாம் மாதமே நான்கு டயரும் வந்தன. மோட்டார் சைக்கிளுக்குப் பெட்ரோல் போடாமல் மாப்பிள்ளை அந்த மாதம் முழுக்க பஸ்ஸில் போனார். மூன்றாம் மாதம் பிரேக். நான் தண்ணீர் பாட்டில் எடுக்கப் போனது அப்போதுதான்.

(இந்த இடத்தில் வாசகர் ஒருவர் கேட்கலாம்: நிஜமான ஆட்கள் இப்படிச் செய்வார்களா? நானும் கேட்டேன். "கல்யாணத்துக்கு முன்னாடி ஒரு வருஷம் நிச்சயம் பண்ணி வச்சுப் பார்க்கலையா?" என்று தங்கை என்னையே மடக்கினாள்.)

5.

முதலில் நான் எழுதிய கதை இங்கிருந்து நேராகப் பன்னிரண்டாம் மாதத்துக்குத் தாவியது. நடுவில் ஒரு பத்தி: "மாதங்கள் அமைதியாகக் கடந்தன." நடந்தது முழுவதையும் தங்கை என்னிடம் சொல்லியிருந்தாள். சொல்லிவிட்டு, "அத மட்டும் எழுதாத அண்ணா, பாவம் அவரு," என்றும் சொல்லியிருந்தாள். எழுதவில்லை.

படித்துப் பார்க்க மாப்பிள்ளைக்கு ஒரு பிரதி கொடுத்தேன். நான்கு நாள் கழித்து மதிய இடைவேளையில் வீட்டுக்கு வந்தார். கருவிப் பையிலிருந்து தாள்களை எடுத்து மேசையில் வைத்தார். எட்டாம் பக்கத்தில் ஒரு கட்டைவிரல் அளவு எண்ணெய்க் கறை.

"மச்சான், ஏழாம் மாசம் எங்க?"

"அமைதியா கடந்துடுச்சுன்னு போட்டிருக்கேனே."

"கடக்கல."

"தங்கச்சிதான் வேணாம்னா."

"அவ அப்படித்தான் சொல்லுவா." தண்ணீர் கேட்டு வாங்கிக் குடித்தார். "இதுல நான் ரொம்ப நல்லவனா இருக்கேன். படிக்க நல்லாத்தான் இருக்கு. ஆனா யாரோ ஒருத்தன் மாதிரி இருக்கு. நான் செஞ்சத எழுதுங்க. ஒரு தடவ ஒண்ண எடுத்து ஒளிச்சது போதும். இன்னொரு தடவ எனக்காக நீங்களும் எடுக்க வேணாம்."

அதனால் ஆறாம் பகுதி.

6.

சீட்டு எழுதி வாங்கிய முதல் வாரத்திலேயே, தங்கை லேபுக்குப் போயிருந்த ஒரு மத்தியானம், மாப்பிள்ளை டப்பாவைத் திறந்து கியர் பாக்ஸ் சீட்டை எடுத்துவிட்டார். அதே நோட்டுத் தாளில், பென்சிலாலேயே, 'செலவில்லை' என்று எழுதி மடித்துப் போட்டார். எடுத்ததைக் கிழிக்க மனம் வரவில்லை. அலுவலக அடையாள அட்டையின் உறைக்குள், அட்டைக்குப் பின்னால் வைத்துக்கொண்டார்.

ஏழாம் மாதம் தங்கையின் கைக்கு அந்தச் சீட்டு வந்தது. பார்த்தாள். அளவுகோல் பழைய ஆள். 'லை' எழுதும்போது எழுத்துக்கு முன்னால் பழைய வழக்கப்படி யானைத் துதிக்கை வளைத்துப் போடுவார். இந்தச் சீட்டின் 'லை'க்குத் துதிக்கை இல்லை. நாள் முழுக்கக் குப்பிகளின் மேல் யார் யாரோ கிறுக்கிய பெயர்களைப் படிக்கிறவள் அவள்.

"நல்ல மாசம்," என்று மட்டும் சொன்னாள்.

மாப்பிள்ளை வேலைக்குப் போனதும் மீதிச் சீட்டு ஐந்தையும் பிரித்துப் பார்த்தாள். கியர் பாக்ஸ் இல்லை. ஐந்தையும் அப்படியே மடித்து வைத்தாள். அடுத்த ஞாயிற்றுக்கிழமை முதல் லேபுக்குக் கூடுதல் ஷிஃப்ட் போகத் தொடங்கினாள். கூட வேலை செய்கிற ஒருத்தி பிரசவ விடுப்பு என்று காரணம் சொன்னாள்.

பத்தாம் மாதம், ஒரு ஞாயிறு. ஷிஃப்ட் முடிந்து மூன்று மணிக்குத் தங்கை வீட்டுக்குள் வந்தபோது, மாப்பிள்ளை துணிப்பையைக் கவிழ்த்து மேசையில் எண்ணிக்கொண்டிருந்தார்.

"இதுல அரைச் சம்பளத்துக்கு மேல கூட இருக்கே. எங்கேர்ந்து வந்துச்சு?"

அவள் கைப்பையைக் கொக்கியில் மாட்டினாள். "அது கியர் பாக்ஸுக்கு. மூணு தவணை போட்டிருக்கேன். இன்னும் முடியல."

இந்த ஆறாம் பகுதியின் முதல் வரைவில் மாப்பிள்ளை இந்த இடத்தில் அழுதார். அழவில்லை என்று இருவருமே சொல்கிறார்கள். கழுத்திலிருந்த அடையாள அட்டையைக் கழற்றி, உறைக்குள் விரல் விட்டுத் துழாவி, சீட்டை எடுத்து மேசையில் வைத்தார். எட்டாக மடித்தது, வியர்வையில் ஊறி ஓரம் பஞ்சு பஞ்சாகியிருந்தது.

"எப்பத் தெரியும்?"

"ஏழாம் மாசம்."

"கேட்டிருக்கலாமே."

"நீங்க சொல்லுவீங்கன்னு இருந்தேன்."

கவிழ்த்த காசை மாப்பிள்ளை திரும்பப் பையில் அள்ளிப் போட்டார். பிறகு அவர் சொன்னார்: "இது வந்தா நீ வேணாம்னு சொல்லிடுவன்னு நெனச்சேன்."

"நான் எப்பங்க வேணாம்னு சொன்னேன்? ஒரு வருஷம்னுதானே சொன்னேன்." மேசையிலிருந்த சீட்டைப் பிரித்து நீவினாள். "காசு பெரிசில்ல. என்னப் பார்த்து பயந்துக்கிட்டு ஒளிச்சீங்க பாருங்க, அதுதான். எனக்கும் ஒரு ஆசை இருக்கு. ஆறு மாசம் லீவு போட்டு மேல படிக்கணும்னு மூணு வருஷமா இருக்கு. இந்தக் கார் பேச்சு வந்ததும் நானும் அத மடிச்சு உள்ள வச்சுட்டேன். அப்ப நானும்தான் ஒளிச்சிருக்கேன்."

இதற்குமேல் அன்று என்ன பேசினார்கள் என்று இருவருமே சொல்லவில்லை. நானும் துருவவில்லை.

அடுத்த ஞாயிறு அவளுடைய ஷிஃப்டை ரத்து செய்யச் சொல்லிவிட்டு, மாப்பிள்ளை அவசர அழைப்பு வேலைகளை ஏற்றுக்கொண்டார். அவள் ரத்து செய்யவில்லை. பதினோராம் மாதமும் பன்னிரண்டாம் மாதமும் ஞாயிற்றுக்கிழமைகளில் இருவருமே வீட்டில் இல்லை. வருடம் முடிந்தபோது, இல்லாத காரின் கியர் பாக்ஸைப் புருஷனும் பெண்டாட்டியுமாகச் சேர்ந்து மாற்றியிருந்தார்கள்.

டப்பாவும் பையுமாக ஆறரைச் சம்பளம் சேர்ந்திருந்தது. காரை வாங்கினால் சேமிப்பு ஏழும் விலைக்குப் போய்விடும், இது காரை வைத்துக்கொள்வதற்கு. இல்லையென்றால், ஆறு மாத லீவில் வராத சம்பளத்துக்கும் படிப்புக் கட்டணத்துக்கும் கச்சிதமாகச் சரியாகும். இந்தப் பொருத்தத்தை நான் உண்டாக்கவில்லை. கதைக்கு வசதியாக இருக்கிறதே என்று சந்தேகப்பட்டு இரண்டு முறை கேட்டேன். கூட்டிக் காட்டினாள்.

7.

கிளினிக்கைக் காலி செய்யும் நாளில் இருவரும் போனார்கள். பல் பிடுங்கும் நாற்காலியை லிஃப்டில் ஏற்ற ஆட்கள் மல்லுக்கட்டிக்கொண்டிருந்தார்கள். டாக்டரம்மா அட்டைப்பெட்டிகளுக்கு நடுவிலிருந்து சாவியை நீட்டினார். "ஒரு சுத்து போயிட்டு வந்து சொல்லுங்க."

கீழே போனதும் மாப்பிள்ளை சாவியைத் தங்கையிடம் கொடுத்தார்.

"நீ ஓட்டு."

"ஆறு வருஷம் பார்த்தது நீங்க."

"பாதி கியர் பாக்ஸ் உன்னுது."

லேபுக்கு மாதிரிகள் எடுத்துவரும் வேனை எட்டு வருடம் ஓட்டியவள் அவள். அந்தப் பழக்கத்தில் மிதித்திருக்கிறாள். சரிவுப் பாதையில் கார் ஒரே எழும்பாக எழும்பி வெளிச்சத்துக்கு வந்தது. மாப்பிள்ளை கதவுக் கைப்பிடியைப் பிடித்துக்கொண்டார். புறவழிச் சாலையில் கொஞ்ச தூரம் போனதும், மூன்றாவது கியரில் நன்றாக அழுத்தினாள். இருவரின் முதுகும் இருக்கையில் போய் ஒட்டின. பிறகு வேகத்தைக் குறைத்து, சாலை ஓரத்தில் நிறுத்தினாள்.

"ஏங்க."

"ம்."

"நீங்க சொன்னதெல்லாம் கம்மி."

என்ஜின் ஓடிக்கொண்டிருந்தது. மாப்பிள்ளை கண்ணாடி வழியாக வெளியே பார்த்தபடி சொன்னார்: "படிப்புக்கு எப்ப விண்ணப்பம் போடணும்?"

"இந்த மாசக் கடைசிக்குள்ள."

இங்கே இரண்டு முடிவுகள் எழுதி வைத்திருந்தேன். ஒன்றில் அவர்கள் திரும்பிப் போய்ச் சாவியைக் கொடுத்துவிடுகிறார்கள். தங்கை படிக்கப் போகிறாள். மாப்பிள்ளை பெருந்தன்மையாகச் சிரிக்கிறார். இன்னொன்றில் கார் வீட்டுக்கு வருகிறது. தங்கை பெருந்தன்மையாகச் சிரிக்கிறாள். இரண்டையும் கிழித்துவிட்டேன். அவர்கள் இருவரையும் எனக்குத் தெரியும். யாரும் பெருந்தன்மையாகச் சிரிக்கிற ரகம் இல்லை.

உண்மையில் நடந்தது எனக்குத் தெரியும். அதை நான் சொல்லப்போவதில்லை. சொன்னால் உடனே அது சரியா தப்பா என்று பேச ஆரம்பித்துவிடுவீர்கள். சாலை ஓரத்தில் அந்தக் காருக்குள் இருவரும் எதையும் ஒளிக்காமல் உட்கார்ந்திருந்த அந்தப் பத்து நிமிடம் உங்கள் கையிலிருந்து நழுவிவிடும். எனக்கு அந்தப் பத்து நிமிடம்தான் வேண்டும்.

இன்னும் ஆளைக் காணோமே, எங்கேயாவது இடித்துவிட்டார்களோ என்று டாக்டரம்மா போன் செய்தார். இரண்டு இருக்கைகளுக்கும் நடுவிலிருந்த பள்ளத்தில் போன் அடித்தது. இருவரும் அதைப் பார்த்தார்கள். பிறகு ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள்.

அடித்துக்கொண்டிருக்கிறது. நீங்கள் எடுத்துப் பேசுங்கள்.