மல்லாட்டைத் தராசில் எட்டுப் பன்றிகள்

வியாபாரி தசரதன் பட்டியை ஒரே ஒரு சுற்றுத்தான் சுற்றினார். உள்ளே நின்ற எட்டுப் பன்றிகளுக்கும் விலை போட அவருக்கு அதுவே போதும்.

"உருப்படிக்கு நூத்தித் தொண்ணூறு தங்கச்சி. இன்னிக்கே ஏத்திக்கிறேன். நாளானிக்கு கார்த்திகை பொறக்குது. பாதி ஊரு மாலை போட்டுக்கும். மீதி ஊரு தீபம் முடியட்டும்னு வாயைக் கட்டிக்கும். அப்புறம் நூத்தம்பதுக்குக் கூப்புட்டாலும் வரமாட்டேன்."

பட்டிக்குச் சொந்தக்காரி ஆராயி விரல் மடக்கினாள். மனசுக்குள் கணக்கு ஓடிக்கொண்டிருந்தது. எட்டுக்கும் நூற்றித் தொண்ணூறு வீதம் ஆயிரத்து ஐந்நூற்று இருபது. தவிடு, புண்ணாக்கு, ஊசி மருந்து எல்லாம் சேர்த்து இதுவரை செலவு தொள்ளாயிரம். மிச்சம் அறுநூற்றுச் சொச்சம். அவ்வளவுதான் என்றால் மங்கம்மாவும் லாரி ஏற வேண்டியதுதான்.

மங்கம்மா என்பது இந்த எட்டுக்கும் தாய். வட்டார வளர்ச்சி ஆபீஸில் பாதி விலைக்குக் கொடுத்த வெள்ளைப் பன்றி. வீட்டுக்கு வந்த நாளிலிருந்து அடி அண்ணாமலை ஊர் முழுக்க அதே பேச்சு. வேளாண்மை பார்க்கிற வீட்டில் பன்றியா என்று ஆளாளுக்குக் கேட்டார்கள். ஆராயியின் புருஷன் சக்கரவர்த்திக்கு ரோஷம் பொத்துக்கொண்டு வந்துவிட்டது. சித்திரையில் மங்கம்மா குட்டி போட்டதும் ஒரு பந்தயம் கட்டினான்.

"என் ஒரு காணி மல்லாட்டையில வர்ற லாபம் ஜாஸ்தியா, உன் பன்னியில வர்றது ஜாஸ்தியா பாத்துருவோம். உன்னுது கம்மின்னா தாயி, குட்டி எல்லாத்தையும் வித்துட்டு அந்தப் பட்டியில எருமை கட்டுவேன். சம்மதமா?"

"சம்மதம் மாமா. என்னுது ஜாஸ்தின்னா?"

"ஆவட்டும், அப்பப் பாப்போம்" என்று சிரித்தான் அவன்.

அந்த வருஷம் ஆடிப் பட்டத்து மல்லாட்டை, அதாவது நிலக்கடலை, அமோகமாக விளைந்தது. எல்லாச் செலவும் போக ஆயிரத்துத் தொள்ளாயிரத்து அறுபது ரூபாய் நின்றது. பணத்தை எண்ணி வைத்த அன்றே சக்கரவர்த்தி பட்டியின் அகலத்தை முழம் போட்டுப் பார்த்தான், எருமைக்குப் போதுமா என்று.

"தரலைண்ணே" என்றாள் ஆராயி.

தசரதன் சக்கரவர்த்தியைப் பார்த்தார். "இன்னாப்பா இது? சுத்துப்பட்டுல எல்லாரும் ஏத்திவுட்டுட்டாங்க. இந்த ஒரு பட்டிதான் பாக்கி."

"அது அவ சொத்துண்ணே. தோக்குறதுன்னா அவளே தோக்கட்டும்" என்றான் சக்கரவர்த்தி, சந்தோஷமாக.

அவள் மனதில் இரண்டு விஷயங்கள் இருந்தன. போன வருஷம் தங்கையின் பிரசவத்துக்கு வேலூர் ஆஸ்பத்திரிக்குப் போயிருந்தபோது, கிறிஸ்துமஸுக்கு முந்தின நாள் பன்றிக்கறிக் கடை வாசலில் தெருமுனை வரை கியூ நின்றதைப் பார்த்திருந்தாள். கார்த்திகை மாசம் விலை விழும் என்பது திருவண்ணாமலைக் கணக்கு. அது முடிந்த கையோடு டிசம்பர் இருபத்தைந்து வரும் என்பது வேலூர்க் கணக்கு. நடுவில் இருக்கிற ஐந்தாறு வாரத்துக்குத் தீனி வேண்டும். அதற்குத்தான் தீபத் திருவிழா இருக்கிறதே.

தேரடிக்குப் பக்கத்துச் சத்திரம் ஒன்றில் பத்து நாளும் அன்னதானம். மேனேஜர் ஆதிமூலம் எச்சில் இலை அள்ள ஆள் கிடைக்காமல் தலையில் கை வைத்து உட்கார்ந்திருந்தார்.

"நான் அள்ளிக்கிறேங்க" என்றாள் ஆராயி. "மிச்சம் மீதி சோறு, அண்டா கழுவுற தண்ணி எல்லாம் எனக்கு."

"கூலி இன்னா கேக்குற?"

சோற்றுக்குத் தானே பணம் தர வேண்டியிருக்குமோ என்று பயந்து வந்தவள் ஒரு நொடி திகைத்தாள். பிறகு சமாளித்துக்கொண்டு, "ஒரு நாளைக்கு நாலு ரூபா குடுங்க, போதும்" என்றாள், ஏதோ விட்டுக்கொடுக்கிற தோரணையில்.

சோறு ஏற்றி வர வேண்டிய மாட்டு வண்டி சக்கரவர்த்தியுடையது. "பன்னிக்கு சோறு சொமக்க என் மாட்டைக் கேக்குறியா?" என்று குதித்தான்.

"சும்மா வேணாம் மாமா. ஒரு நாளைக்குப் பத்து ரூபா வாடகை."

அவன் குதிப்பதை நிறுத்தினான்.

பத்து நாள், காலை மாலை இரண்டு நடை. ஆராயி இலைகளைப் பொறுக்கி எறிந்து, சாம்பாரின் உப்பும் உறைப்பும் போகத் தண்ணீர் விட்டு அலசி, சோற்றைத் தவிட்டோடு பெரிய கொப்பரையில் கொதிக்க வைத்தாள். மிஞ்சிய சோற்றைக் காயவைத்துச் சாக்கில் கட்டி அடுத்த வாரங்களுக்கும் வைத்துக்கொண்டாள். ஒருநாள் அரை அண்டா சர்க்கரைப் பொங்கல் அடிப்பிடித்துப் போய் வந்தது. அன்று எட்டும் தொட்டியை விட்டு நகரவே இல்லை. மலைமேல் தீபம் ஏறியபோது ஊரே அண்ணாந்து கும்பிட்டது. ஆராயியும் கும்பிட்டாள். கும்பிட்ட கையோடு பட்டிக்கு ஓடி முதுகுகளைத் தடவிப் பார்த்தாள். முன்பு விரலுக்குத் தட்டிய எலும்பு இப்போது தட்டவில்லை.

டிசம்பர் இருபத்தொன்றாம் தேதி வாசலில் லாரிச் சத்தம் கேட்டது. தசரதன் இறங்கினார். இந்த முறை சுற்றவில்லை. பட்டி வாசலிலேயே நின்றுவிட்டார்.

"முன்னூறு" என்றார். "உனக்காகத்தான் தங்கச்சி."

ஆராயி மறுபடி கணக்குப் போட்டாள். முன்னூறு போதாது. உருப்படிக்கு நானூறாவது வந்தால்தான் மல்லாட்டையைத் தாண்ட முடியும். அப்போதுதான் அவள் கண் லாரியின் பின்பக்கம் போனது. உள்ளே வைக்கோலைத் தவிர ஒன்றும் இல்லை.

"போற வழியில வேற எங்கண்ணே ஏத்துவீங்க?"

தசரதன் திரும்பி லாரியைப் பார்த்தார்.

"எல்லாரும்தான் கார்த்திகைக்கு முன்னாடியே வித்துட்டாங்களே, நீங்க சொன்னதைக் கேட்டு. கிறிஸ்துமஸுக்கு இன்னும் நாலு நாள். காலி லாரியை வாடகை குடுத்து வேலூருக்கா ஓட்டினு போவீங்க?"

டிரைவர் ஸ்டியரிங்கில் தலையைக் கவிழ்த்துச் சிரித்தான். தசரதன் அவனை முறைத்தார்.

"சரி, இன்னாதான் சொல்ற?"

"உருப்படிக் கணக்கு வேணாம். எடை போட்டு, கிலோ ஏழு ரூபா."

"பன்னியை எடை போடத் தராசுக்கு எங்க போறது?"

"எங்க ஊட்டுலயே கீது. மாமா, மல்லாட்டைத் தராசை எடுத்துனு வா."

சக்கரவர்த்தி தயங்கினான். மண்டியில் எடையில் ஏமாந்து ஏமாந்து, போன வருஷம்தான் சொந்தமாக வாங்கிய தராசு. அதை வேப்பங்கிளையில் கட்டினான். ஒரு பக்கத் தட்டைக் கழற்றிவிட்டு, அந்தத் தட்டின் எடைக்குச் சமமாகக் கயிற்று வலையைக் கோத்து மாட்டினான். முதல் பன்றி வலைக்குள் தொங்கியபடி ஊர் கேட்கக் கத்தியது. அக்கம்பக்கம் கூடிவிட்டது.

"அம்பத்தி ஏழு" என்றார் தசரதன்.

"எங்க அம்பத்தி ஏழு?" சக்கரவர்த்தியின் குரல் மாறியிருந்தது. "கல்லு மேல இருக்குற கையை எடுண்ணே."

"சும்மா தட்டு ஆடாம புடிச்சேன்பா."

"இருவது வருஷமா மண்டியில இதே கையைப் பாத்துனு வரேன். எடு."

தசரதன் கையை எடுத்தார். பன்றி சர்ரென்று கீழே இறங்கியது. சக்கரவர்த்தி தட்டில் இன்னொரு பத்து கிலோ கல்லை வைத்தான். முள் நேராக நின்றது.

"அறுபத்தி ஏழு" என்று உரக்கச் சொன்னான்.

ஆராயி அவனையே பார்த்துக்கொண்டிருந்தாள். ஒவ்வொரு கிலோவும் அவனைத் தோற்கடிக்கிற கிலோ. அது அவனுக்குத் தெரியாமல் இல்லை. ஆனாலும் மீதி ஏழையும் அவனே நிறுத்தான். அரைக் கிலோவுக்குக்கூடத் தசரதனோடு மல்லுக்கு நின்றான்.

மொத்தம் ஐந்நூற்று முப்பத்திரண்டு கிலோ. மூவாயிரத்து எழுநூற்று இருபத்து நாலு ரூபாய். தசரதன் எண்ணிக் கொடுத்துவிட்டு, "அடுத்த வருஷம் மொதல்லயே சொல்லிவுடு தங்கச்சி" என்று லாரியில் ஏறினார்.

புருஷனும் பெண்டாட்டியும் வேப்பமரத்தடியில் உட்கார்ந்து கணக்குப் போட்டார்கள். தீனிச் செலவு மொத்தம் ஆயிரத்து நூற்றைம்பது. சத்திரத்துக் கூலி நாற்பது வரவு.

"வண்டி வாடகை நூறு" என்று ஞாபகப்படுத்தினான் சக்கரவர்த்தி.

ஆராயி நூறை எடுத்து அவன் கையில் வைத்தாள். மீதி இரண்டாயிரத்து ஐந்நூற்றுப் பதினாலு. அவனுடைய மல்லாட்டையைவிட ஐந்நூற்று ஐம்பத்து நாலு ரூபாய் ஜாஸ்தி.

அவன் எழுந்து தராசைக் கிளையிலிருந்து அவிழ்த்தான். "அந்தக் கையை நான் பாக்காம வுட்டிருந்தா?"

"நீயா? உன்னால முடியாது மாமா."

அவனுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. "சரி, தோத்தவன் இன்னா செய்யணும், சொல்லு."

"மங்கம்மா பருவத்துக்கு வந்திருக்கு. செங்கம் ரோட்டுப் பண்ணையில கிடாப் பன்னி கீது. நீதான் ஓட்டினு போவணும்."

"பட்டப்பகல்லயா?"

"பட்டப்பகல்லதான்."

மறுநாள் காலை பத்து மணிக்கு, வெள்ளை வேட்டி கட்டிக்கொண்டு, கயிற்றின் ஒரு முனையைப் பிடித்தபடி சக்கரவர்த்தி புறப்பட்டான். மங்கம்மா முன்னால், அவன் பின்னால். டீக்கடையில் இருந்தவர்கள் எட்டிப் பார்த்தார்கள்.

"இன்னா சக்கரவர்த்தி, எங்க கெளம்பிட்ட?"

"சம்பந்தம் பேச" என்றான் அவன். "கையோட ரெண்டாவது பட்டிக்குக் கூரை ஓலையும் சொல்லிட்டு வரணும். நேரமாவுது, வழி வுடுங்க."