மூன்றாம் மேசையின் மஞ்சள் கறை

மூன்றாவது விரிப்பும் திரும்பி வந்துவிட்டது. மேற்பார்வைக்காரி அதை மடிப்பு மேசைமேல் விரித்துப் போட்டு, கையில் இருந்த பூதக்கண்ணாடியைக் கறைக்கு மேலே பிடித்தாள். அந்தக் கண்ணாடியால்தான் அவளுக்குப் பூதம் என்று பெயர் வந்தது. முகத்துக்கு நேரே மேடம், முதுகு திரும்பினால் பூதம்.

"உள்ளங்கை அகலம், மஞ்சள், தொட்டா மொடமொடன்னு இருக்கு," என்றாள். "விடுதிக்காரன் போன்ல கேட்ட கேள்விக்கு நான் நாண்டுக்கிட்டுச் சாகணும். இன்னும் ஒண்ணு இதே மாதிரி வந்துது, காரணமானவங்க அன்னிக்கே வீட்டுக்குப் போலாம். மேசைன்னா மேசைல இருக்கற ரெண்டு பேரும். இப்ப சொல்லுங்க, என்ன கறை இது?"

சலவைக்கூடத்தில் மடிப்புக்கு எட்டு மேசைகள். அழுக்கு விரிப்புகள் ஆஸ்பத்திரியிலிருந்தும் விடுதிகளிலிருந்தும் மூட்டையாய் வரும். ஊறி, வெளுத்து, நீராவிச் சூட்டு உருளைக்குள் புகுந்து, ஆவி பறக்க மேசைக்கு வந்து சேரும். மேசைக்கு இரண்டு பெண்கள். எட்டு மேசைப் பெண்களும் இப்போது மூன்றாம் மேசையில் நின்ற இளையவளைத்தான் பார்த்தார்கள்.

கறை பார்ப்பதில் அவளை அடித்துக்கொள்ள அங்கே ஆள் இல்லை. ஏழு வருஷப் பழக்கம். தேநீரா காப்பியா என்பதை நிறத்தில் சொல்வாள், மருந்தா மையா என்பதை விளிம்பில் சொல்வாள், உதட்டுச் சாயமா ரத்தமா என்று கேட்டால் சிரித்துக்கொண்டே சொல்வாள். குழந்தை பெற்று ஆறாவது வாரமே அவளைத் திரும்பக் கூப்பிட்டதற்கும் அந்தக் கண்தான் காரணம். பாசத்தால் யாரும் கூப்பிடவில்லை.

அவள் குனிந்து முகர்ந்தாள். நகத்தால் சுரண்டினாள். ஒன்றும் பிடிபடவில்லை. துரு என்றால் இன்னும் சிவக்க வேண்டும், எண்ணெய் என்றால் பரவியிருக்க வேண்டும். தெரியவில்லை என்று சொல்லியிருக்கலாம். ஆனால் உருளைக்குப் பக்கத்தில் பாய்லர்காரர் இடுப்பில் கை வைத்து நின்று பல்லைக் காட்டிக்கொண்டிருந்தார்.

அந்த ஆளுக்கும் அவளுக்கும் ஆகாது. அவள் வயிற்றைத் தள்ளிக்கொண்டு நடந்த மாதங்களில், "வழி விடுங்கப்பா, டபுள் லோடு வருது" என்று கூடம் முழுக்கக் கேட்கச் சொன்னவர். பெற்றுத் திரும்பிய முதல் நாளே, "என்னம்மா, பால் பண்ணை திறந்தாச்சா?" என்றவர். அவர் சிரிப்பைப் பார்த்ததும் அவளுக்கு வாய் தானாகத் திறந்தது.

"துரு, மேடம். உருளைக்குப் போற நீராவிக் குழாய் உள்ளே அரிச்சிருக்கும். சொட்டு விழுந்து சூட்டுல இறுகியிருக்கு."

"என் குழாயிலயா?" பாய்லர்காரரின் பல் மறைந்தது. "அதுல துரு இருந்தா நான் நக்கித் திங்கறேன்."

"நக்க வேண்டாம், கழட்டித் தேய்," என்றாள் மேற்பார்வைக்காரி. "அடுத்தது வந்தா நீ கிளம்பு."

மூன்றாம் மேசையின் மறுமுனையில் நின்றவள் அடுத்த விரிப்பை இழுத்துப் போட்டாள். இளையவளின் வீட்டுக்காரனுக்கு அக்கா, அவளுக்கு நாத்தனார். ஒரே வீடு, ஒரே மேசை, ஆனால் பதினோரு மாதமாகப் பேச்சு இல்லை. கல்யாணமாகி இவள் வந்தபோது, இருந்த ஒரே அறையிலிருந்து நாத்தனாரின் கட்டில் சமையலறைக்குப் போயிற்று. "அடுப்புப் பக்கம் கதகதப்பா இருக்கும் அண்ணி," என்று இவள் நல்லதாக நினைத்துத்தான் சொன்னாள். கேட்டவளுக்கு அது நல்லதாகப் படவில்லை. பதிலுக்கு ஒரு வார்த்தை வர, இவள் இரண்டு வார்த்தை விட, அன்றோடு சரி.

மடிக்க வாய் எதற்கு? இருவரும் ஒரே உயரம். விரிப்பில் ஆளுக்கு இரண்டு முனை. ஒரு இழுப்பு என்றால் தூக்கு, இரண்டு இழுப்பு என்றால் நில். நடந்து வந்து நடுவில் நாலு கையும் சேர்ந்ததும் இளையவள் வாங்கி, நெஞ்சோடு அணைத்து, மோவாயால் அழுத்திக் கடைசி மடிப்பைப் போடுவாள். அந்தக் கூடத்திலேயே அதிகமாக மடித்தது வாய் திறக்காத அந்த மேசைதான்.

எட்டாம் மாதத்தில் ஒருநாள் அப்படி நடுவில் சேர்ந்தபோது, வயிற்றுக்குள் இருந்தது விரிப்புக்கு மேலாக நாத்தனாரின் கைமுட்டியில் ஒரு உதை விட்டது. இஸ்திரிப் பெட்டியைத் தொட்டவள் போல அவள் கையை இழுத்துக்கொண்டாள். இளையவளைப் பார்த்தாள், வயிற்றைப் பார்த்தாள். பிறகு அடுத்த விரிப்பை எடுத்து உதறினாள். உதறலில் மட்டும் கொஞ்சம் வேகம் குறைந்திருந்தது.

பிள்ளை பெறுவதைப் பற்றி ஊரே அவளுக்குப் பாடம் எடுத்திருந்தது. பூரிப்பு என்றார்கள், பொலிவு என்றார்கள், ஒரு சிரிப்பில் எல்லா வலியும் பறந்துபோகும் என்றார்கள். தும்மினால் பாவாடை நனையும் என்று எவளும் சொல்லவில்லை. சீப்பில் முடி கொத்தாக வரும், தையல் வலியில் உட்கார இடம் பார்க்க வேண்டும், எட்டுக் கிலோ ஈரத்துணியைச் சுலபமாகத் தூக்கினவளுக்கு மூன்றரைக் கிலோப் பிள்ளையைத் தூக்கும்போது கை நடுங்கும், இதெல்லாம் யாருக்கும் ஞாபகம் வரவில்லை. குட்டி வீறிட்டு அழும்போது, எங்கேயாவது வைத்துவிட்டு ஓடிவிடலாமா என்று அவளுக்குத் தோன்றியிருக்கிறது. அதே குட்டி கழுத்து மடிப்பில் புளித்த பால் வாசனையோடு தூங்கும்போது, மூக்கை அங்கேயே வைத்துக்கொண்டு வேலைக்கு நேரமாவதைப் பார்த்துக்கொண்டிருந்ததும் உண்டு.

லாரி ஓட்டும் வீட்டுக்காரன் வாரத்தில் இரண்டு நாள் வந்தால் பெரிது. பகலில் குட்டி கீழ்வீட்டுத் தையல்காரியிடம் பால்மாவு குடித்தது. இதையெல்லாம்கூட அவள் தாங்கிக்கொண்டாள். குட்டியின் முதல் சிரிப்பு நாத்தனாருக்குப் போனதைத்தான் தாங்க முடியவில்லை. வேலை முடிந்து வந்த நாத்தனார், கால்கூடக் கழுவாமல் தொட்டிலை எட்டிப் பார்த்தாள். பொக்கை வாயை விரித்துச் சிரித்துவிட்டது. "சனியனே, நான் பெத்தவ இங்க நிக்கறேன்," என்றாள் இவள், பிள்ளையிடம். நாத்தனார் ஜெயித்த முகத்தோடு சமையலறைக்குப் போனாள்.

கறைப் பஞ்சாயத்துக்கு மூன்றாம் நாள் காலை பதினோரு மணி. வீட்டில் இருந்தால் குட்டிக்குக் கொடுக்கும் நேரம். பாய்லர்காரர் குழாயைக் கழற்றி மாட்டும்போது ஆவி அடித்து, இடது கையில் மணிக்கட்டிலிருந்து முழங்கை வரை கட்டுப் போட்டிருந்தார். கழற்றிய குழாயில் துருவும் இல்லை, தூசும் இல்லை. அதை அவர் ஒவ்வொரு மேசையாகக் கொண்டுபோய்க் காட்டியிருந்தார். மூன்றாம் மேசையில் காட்டும்போது மட்டும், "கறை ஜோசியரே, பாத்துக்கோங்க," என்றார்.

உருளையிலிருந்து வந்த விரிப்பு கொதித்தது. நடுவில் வந்து வாங்கி நெஞ்சோடு அணைத்தாள். சூடு ரவிக்கையைத் தாண்டி உள்ளே போன அதே நொடி, இரண்டு மார்பிலும் ஊசி இறங்குவது போல் சுருக்கென்று இழுத்தது. பால் இறங்கிவிட்டது. உள்ளே மடித்து வைத்த துணியையும் மீறி இறங்கியது. தினமும் அந்த நேரத்துக்கு நனைவதுதான். ஆவியில் நிற்கிற எல்லோருக்கும் ரவிக்கை நனைந்துதான் இருக்கிறது, வேர்வை என்றே அவள் நினைத்திருந்தாள். இன்று மோவாயை எடுத்துவிட்டுக் குனிந்து பார்த்தாள். வெள்ளைத் துணியில் உள்ளங்கை அகலத்துக்கு ஈரம். நிறம் இல்லை. இதை மடித்து, சூட்டோடு கட்டி, மூட்டைக்குள் ஒரு பகல் வைத்தால் என்ன ஆகும்?

ஆஸ்பத்திரி விரிப்பில் பால்கறை வந்தால் ரத்தத்தோடு கலந்து வரும், நேரே கொதிதொட்டிக்குப் போய்விடும். வெளுத்த துணியில் பச்சைப் பால் விழுந்து சூடு கண்டு அங்கே யாரும் பார்த்ததில்லை.

கையில் இருந்த விரிப்பு இரண்டு முறை இழுபட்டது. நில்.

நாத்தனார் மேசை ஓரத்தில் இருந்த தேநீர்க் கோப்பையை எடுத்து, நிதானமாக, செடிக்குத் தண்ணீர் விடுவது போல அந்த ஈரத்தின் மேல் ஊற்றினாள்.

"மேடம், டீ கொட்டிடுச்சு," என்றாள்.

"மறுபடியுமா? உனக்கு என்ன கை வாதமா? நேத்து ரெண்டு, முந்தாநேத்து ஒண்ணு. ஊறப்போடு."

இளையவளுக்கு அப்போதுதான் உறைத்தது. விரிப்பைச் சுருட்டிக்கொண்டு நாத்தனாரின் பின்னாலேயே ஊறல் தொட்டிக்குப் போனாள்.

"உங்களுக்குத் தெரியுமா?"

நாத்தனார் துணியைத் தண்ணீருக்குள் அமுக்கினாள். பதினோரு மாதத்துக்குப் பிறகு அவள் குரல் கரகரவென்று வந்தது. "கண்ணு இருக்கில்ல எனக்கு."

"அப்ப ஏன் அண்ணி சொல்லல? ஒரு வார்த்தை. ஒரே ஒரு வார்த்தை."

"பேசறதில்லன்னு ஆரம்பிச்சது யாரு? நீயா வந்து பேசுவன்னு பாத்தேன்."

"அந்தாளு கை வெந்து போச்சு."

"குழாய்னு சொன்னது நானா? மூணு நாளா டீயே குடிக்காம ஊத்திக்கிட்டிருக்கேன். அத நினைச்சுப் பாரு. நெஞ்சுல துணிய ரெட்டையா வச்சுக் கட்டு, மூளையையும் எங்கயாவது வச்சுக் கட்டு."

தேநீர் ஊற்ற ஆரம்பிப்பதற்கு முன்னால் போன மூட்டை ஒன்று இருந்தது. அதை அவர்கள் இருவருமே மறந்திருந்தார்கள். மத்தியானச் சாப்பாடு முடிந்ததும் நாலாவது விரிப்பு வந்து மேசைமேல் விழுந்தது. அதே அகலம், அதே மஞ்சள்.

மேற்பார்வைக்காரி கண்ணாடியைக்கூட எடுக்கவில்லை. "பாய்லர், நீ கிளம்பு. கழட்டித் தேச்சும் வருதுன்னா அது குழாய் கோளாறு இல்ல, உன் கோளாறு."

"கறை பழசு மேடம், தேச்சதுக்கு முந்தி போனது. மூட்டைச் சீட்டுல தேதி பாருங்க."

"கிளம்புன்னேன்."

பாய்லர்காரர் ஒரு கையால் இடுப்பு வாரை அவிழ்க்கப் பார்த்தார். கட்டுப் போட்ட கை உதவவில்லை. எட்டு மேசையும் பார்த்துக்கொண்டிருந்தது, ஒருத்தியும் உதவப் போகவில்லை. இளையவளின் கையில் இருந்த விரிப்பு ஒரு தரம் கீழ்நோக்கி அழுத்தமாக இழுபட்டது. அவர்கள் கணக்கில் இல்லாத இழுப்பு அது. ஆனாலும் புரிந்தது. வாயை மூடு.

அவளுக்கு அந்த ஆள்மேல் இரக்கம் பொங்கவில்லை. இன்றைக்கும் அவர் வாயில் ஊசி நூல் போட்டுத் தைக்க அவள் தயார். ஆனால் துரு என்று சொன்னது அவள் வாய். ஏழு வருஷத்தில் ஒரு கறையைத் தப்பாகச் சொன்னதில்லை. இதைச் சொன்னபோது தெரியாமல் சொல்லவில்லை, தெரியாது என்று தெரிந்தே சொன்னாள். வயிறு எரிந்ததற்குச் சொன்னது. அது ஒருத்தர் தோலை உரித்திருக்கிறது. இன்னும் அரை நிமிஷத்தில் பிழைப்பையும் உரித்துவிடும்.

விரிப்பை விட்டுவிட்டு மூட்டை அடுக்குக்குப் பின்னால் போனாள். வெள்ளைக் கந்தல் ஒன்றோடு திரும்பி வந்தாள். கந்தல் நனைந்திருந்தது. நேரே உருளைக்குப் போய், ஒரு முறை, இரண்டு முறை, மூன்று முறை ஓட்டினாள். எடுத்து வந்து நாலாவது விரிப்புக்குப் பக்கத்தில் வைத்தாள். ஓரம் மஞ்சள் கட்டியிருந்தது. தட்டினால் மொடமொடவென்றது.

"என் பால், மேடம். துரு இல்ல. தெரியலன்னு தெரிஞ்சேதான் துருன்னேன்."

மேற்பார்வைக்காரி கண்ணாடியை எடுத்து இங்கேயும் அங்கேயும் பார்த்தாள். வெகுநேரம் பார்த்தாள்.

"அசிங்கம்," என்றாள்.

"உங்க புள்ளைங்களுக்கு என்ன ஊத்தினீங்க?" என்று நாத்தனார் கேட்டாள். குரல் உயரவில்லை. "மூணாம் மேசை ரெண்டு பேரும் போறோம். நீங்களும் பாய்லரும் ஆளுக்கு ரெண்டு முனை புடிச்சு மடிங்க. அவருக்கு ஒரு கைதான் இருக்கு, பாத்துக்கோங்க."

எங்கோ ஏழாம் மேசையில் ஒருத்தி சிரிப்பை இருமலாக மாற்றினாள். மேற்பார்வைக்காரிக்கு அந்த மேசை எவ்வளவு மடிக்கும் என்று தெரியும்.

"அவ நாளைலேர்ந்து அழுக்கறைக்கு. அங்க என்ன ஒழுகினாலும் கவலையில்ல. நீ இங்கேயே இரு, வேற ஆள் தரேன். பாய்லர், இடுப்பு வார மாட்டு."

பாய்லர்காரர் நன்றி சொல்லவில்லை. கட்டுக் கையைத் தூக்கிப் பிடித்தபடி அவளைக் கடந்து போனார். "ஊர்க் கறையெல்லாம் தெரியுது. சொந்தக் கறை தெரியல."

"உங்க குழாய் சுத்தமாத்தான் இருக்குண்ணே," என்றாள். "வாய்தான் துரு."

அழுக்கறை என்பது மூட்டை பிரிக்கும் இடம். சீழும் வாந்தியும் மூத்திரமும் நாறும். அங்கே போகிறவள் மூக்கைக் கழற்றி வைத்துவிட்டுப் போக வேண்டும். ஆனால் அந்த நாற்றம் வெளியே வராமல் இருக்க அந்த அறைக்கு மட்டும் கதவும், கதவுக்கு உள்தாழ்ப்பாளும் உண்டு. முதல் நாள் அதைப் பார்த்ததும் அவளுக்குச் சிரிப்பு வந்தது. மறுநாள் மூலைக் குழாயில் கையைச் சோப்புப் போட்டுத் தேய்த்துக் கழுவினாள். ஜன்னலைத் திறந்து அதன் பக்கம் திரும்பி நின்று, கொதிநீரில் அலசிக் கொண்டுவந்த பாட்டிலில் பீய்ச்சினாள். பதினோரு மணிக்கு யாரோ கதவை வெளியிலிருந்து இரண்டு தரம் இழுத்தார்கள்.

நாத்தனார். முகம் கடுகடுவென்று இருந்தது.

"எனக்குக் கொடுத்திருக்கற ஆளு வாய மூடவே மாட்டேங்கறா. அவ மாமியார், அவ பல்லுவலி, அவ சித்தப்பா கல்யாணம். காது ரத்தம் வருது. எல்லாம் உன்னால."

"உங்களுக்குப் பேச ஆள் கெடச்சுதேன்னு சந்தோஷப்படுங்க அண்ணி."

"பாட்டிலக் குடு. டீ டைம் இருபது நிமிஷம். வீடு ரெண்டு தெரு. ஓடிட்டு வந்துடறேன். மாவு குடிச்சு அதுக்கு வயிறு கல்லா இருக்கு."

இவள் மூடியை இறுக்கித் துடைத்துக் கொடுத்தாள். நாத்தனார் அதை முந்தானைக்குள் வைத்துக்கொண்டு வாசலில் நின்றாள்.

"என் கையால குடிச்சா அது என்னைப் பாத்துதான் சிரிக்கும். அப்புறம் மூஞ்சியத் தூக்காத."

"சிரிக்கட்டும்," என்றாள் இவள், அடுத்த மூட்டையின் முடிச்சை அவிழ்த்தபடி. "பால் என்னோடது."