பானட் அச்சு

2002 மார்ச்சில் கம்பெனி அந்தக் காரைத் தயாரிப்பதை நிறுத்தியது. இருவர் மட்டுமே உட்காரக்கூடிய, பைபர் உடம்புள்ள ஸ்போர்ட்ஸ் கார். மொத்தம் முந்நூறு கூட விற்கவில்லை. உதிரி பாகமும் இனிக் கிடைக்காது என்று கடிதம் வந்தது, என் மனைவி வேதாவின் பெயருக்கு. வண்டி அவளுடையது. அவள் இறந்து பதினான்கு மாதம் ஆகியிருந்தது.

வேலூர் பலராமனிடமும் அதே கார் இருந்தது. மற்ற உரிமையாளர்களைக் கடிதம் போட்டுச் சேர்த்தார். ஒருவர் கியர்பாக்ஸ் வரைபடங்களை நகலெடுத்தார். ஒருவர் மிச்சமிருந்த முன்கண்ணாடிகளை வாங்கி வைத்தார். எஞ்சினை மூடும் பானட்டுக்கு மட்டும் வழியில்லை. கம்பெனி தன் வார்ப்பு அச்சுகளை உடைத்துவிட்டது. ஒரு நல்ல பானட்டின் மேல் புது அச்சு எடுக்க வேண்டும். மற்றவர்களுடையவை இடிபட்டு வளைவு மாறிப்போனவை. வேதா போன பிறகு நான் வண்டியை வெளியே எடுக்கவில்லை. அதனால் எங்கள் பானட் ஒழுங்காக இருந்தது.

இடது விளக்குக்கு மேல் உள்ளங்கை அளவுப் புடைப்பு ஒன்றைத் தவிர. ஒரு பௌர்ணமியன்று கிரிவலக் கூட்டத்தில், அடி அண்ணாமலையில், வேதா இளநீர் வண்டியில் இடித்து அங்கே ஓட்டை போட்டுவிட்டாள். நான் ஊரில் இல்லை. ரெசின் பசை வாங்கி, அவளே ஒட்டி, அவளே பெயிண்ட் அடித்தாள். மூன்று நாள் என்னிடம் சொல்லவில்லை.

போளூர் சாலையில் தசரதனின் கொட்டகை. பைபரில் தண்ணீர்த் தொட்டி, பஸ் சீட் செய்பவர். நானும் பலராமனும் பானட்டைக் கழற்றிக் கொண்டுபோனோம். புடைப்பை விரலால் தடவினார்.

“இன்னா சார் இது, கொழுக்கட்ட மாதிரி? தேய்ச்சு எடுத்துடறேன்.”

“வேணாம்.”

“அச்சுல அப்படியே வுழும் சார். அப்புறம் வர்ற பானட் எல்லாத்துக்கும் கொழுக்கட்டதான்.”

“அச்சுல விழற பள்ளத்த அடைச்சிடுங்க. இதுல கை வெக்காதீங்க.”

தசரதன் பலராமனைப் பார்த்தார். “அவரு சம்சாரம் ஒட்டுனது” என்றார் பலராமன், தாழ்ந்த குரலில்.

தசரதன் கையை எடுத்துக்கொண்டார். “அப்ப ஒண்ணு சொல்லிடறேன் சார். அச்சப் பிரிக்கறப்ப இது பிச்சிக்கினு வந்தாலும் வரும். மெழுகு ஜாஸ்தியா தடவறேன். ஆனா கேரண்டி கெடையாது.”

நான் வெளியே போய் நின்றேன். பலராமன் பின்னால் வந்தார்.

“வேணாம்னா தூக்கிக்கினு போயிடலாங்க. யாரும் தப்பா நெனைக்க மாட்டாங்க.”

அவருடைய காருக்கு எட்டு மாதமாக பானட் இல்லை. தார்ப்பாய் கட்டி வைத்திருந்தார். அதை அவர் சொல்லவில்லை.

“எடுக்கச் சொல்லுங்க” என்றேன்.

மூன்றாம் நாள் பிரித்தார்கள். சுற்றிலும் மர ஆப்புகளை வைத்து மெல்லத் தட்டினார்கள். கடைசியில் படாரென்று ஒரு சத்தம். ஒட்டு அச்சோடு போய்விட்டது. பானட்டில் வேதா இடித்த ஓட்டை திறந்து கிடந்தது.

தசரதன் ஒட்டை உளியால் நெம்பி எடுத்துத் திருப்பினார்.

“பைபர் நாரு மேட்டு வெக்கற எடத்துல துணிய வெச்சிருக்காங்க சார். அதான் புடிக்கல. இன்னா இது, சட்டையா?”

வாங்கிப் பார்த்தேன். ரெசினில் இறுகிய நீலக் கட்டம். நடுவில் ஒரு பொத்தான் துளை. அந்தச் சட்டையை இஸ்திரிக்காரர்தான் தொலைத்துவிட்டார் என்று அவரிடம் ஒரு வாரம் சண்டை போட்டேன். வேதாவும் பக்கத்தில் நின்று, “நல்லா தேடிப் பாருங்க” என்றாள்.

“யாரு சட்ட சார்?”

“என்னுது.”

பலராமன் சிரித்துவிட்டு வாயைப் பொத்திக்கொண்டார். 

“பரவால்ல, சிரிங்க” என்றேன். எனக்கும் வந்தது. நிறுத்தக் கொஞ்ச நேரம் ஆனது.

அச்சிலிருந்த பள்ளத்தைத் தசரதன் அடைத்தார். நான்தான் தேய்த்துச் சமமாக்கினேன். எத்தனை அடுக்கு, எவ்வளவு நேரம் காய வேண்டும் என்று பலராமன் நோட்டில் எழுதிக்கொண்டார். முதல் பானட் அவருக்கு.

“உங்க ஓட்டைய இன்னா சார் பண்றது?” என்றார் தசரதன்.

“மேட் வெச்சே அடைச்சிடுங்க. ஞாயித்துக்கெழம வண்டி வேணும். அந்த இஸ்திரிக்காரரு இப்ப செங்கம் ரோட்டுல கட போட்டிருக்காராம். இதக் கொண்டுபோய் காட்டணும்.”