கீழ்த்தட்டின் மூச்சு

அந்தக் கட்டடத்தில் அவளுக்குப் பெயர் நெயில் பாலிஷ். தன் நகத்தில் அவள் ஒரு பொட்டுச் சாயம்கூட வைத்ததில்லை. அவள் பூசுவதெல்லாம் இலைகளுக்குத்தான். விதை நிறுவனத்தின் ஆய்வுப் பிரிவில் அதற்குத்தான் சம்பளம். இலையின் அடிப்பக்கத்தில் நிறமில்லாத நகப்பூச்சை ஒரு கோடு இழுக்க வேண்டும். அது காய்ந்ததும் ஒட்டுநாடாவால் உரித்தால், இலைத்துளைகளின் அச்சு அப்படியே படலத்தில் வந்துவிடும். அதை நுண்ணோக்கியில் வைத்து, எத்தனை துளை திறந்திருக்கிறது, எத்தனை மூடியிருக்கிறது என்று எண்ணிச் சொல்ல வேண்டும். பத்தொன்பது வருஷமாக எண்ணுகிறாள். மாதம் ஒரு டஜன் பாட்டில் வாங்குகிறவளின் மொட்டை நகங்களைப் பார்த்துவிட்டு, "அக்கா, வீட்ல ஒளிச்சு வெச்சுக் குடிக்கிறீங்களா?" என்று கடைக்காரப் பெண் ஒருநாள் கேட்டே விட்டாள்.

அவள் கணவருக்குப் பெயர் பாய்லர். அதிகாலை நாலு மணிக்கு வந்து கட்டடத்தின் கொதிகலனை மூட்டுவது அவர் வேலை. செடி அறைகளின் குழாய், விசிறி, கேஸ் சிலிண்டர் எல்லாமும் அவர் தலையில்தான். "உங்க ரெண்டு பேருக்கும் எப்படிம்மா ஒத்துப்போகுது?" என்று கூட்டுகிற அக்கா வம்புக்கு இழுத்தால், "அவர் கொதிப்பார், நான் காய்வேன், பொழுது போயிடும்" என்பாள்.

ஆனால் மூன்று வாரமாக அந்தப் பொழுது நல்லபடியாகப் போகவில்லை. அவருக்கு ஏதோ ஆகிக்கொண்டிருந்தது. சாயங்காலம் வீட்டுக்கு வரும்போது மண்டையைப் பிளக்கும் வலி. நாலு படி ஏறினால் மூச்சு வாங்கியது. கொதிகலன் சாவியைக் குளிர்சாதனப் பெட்டியில் வைத்துவிட்டு வீடு முழுக்கத் தேடினார். மருத்துவர் ரத்தம் பார்த்தார், எல்லாம் சரியாக இருக்கிறது என்றார், இதயத்தை ஒருமுறை பார்த்துவிடலாம் என்று சீட்டு எழுதினார். அவருடைய அப்பா ஐம்பத்திரண்டு வயதில் நாற்காலியில் உட்கார்ந்தபடியே போனவர். இவருக்கு இப்போது ஐம்பத்தொன்று. அந்தக் கணக்கை அவர்கள் இருவரும் வாய்விட்டுப் பேசியதில்லை. அவளோ, அவர் இருமினால்கூட செய்கிற வேலையைப் போட்டுவிட்டு எட்டிப் பார்த்தாள்.

இதே மூன்று வாரமாகத்தான் செடி அறையிலும் ஏதோ சரியில்லை.

ஜன்னலே இல்லாத அறை அது. இரும்புத் தட்டுகள் இரண்டு அடுக்கு. மேல்தட்டில் நாற்பது பீன்ஸ் தொட்டி, கீழ்த்தட்டில் நாற்பது. தலைக்கு மேலே வெள்ளை விளக்குகள், ஓரத்தில் இரவும் பகலும் உறுமுகிற ஒரு விசிறி, மூலையில் கரியமில வாயு சிலிண்டர். செடிகள் மளமளவென்று வளர்வதற்காகக் காற்றில் அந்த வாயுவைக் கொஞ்சம் கூட்டி வைப்பார்கள். அளவு காட்டும் பெட்டியைக் கதவுக்குப் பக்கத்தில் கண் மட்டத்தில் மாட்டியது பாய்லர்தான். குனிந்து பார்க்க யாருக்கும் முடியவில்லையாம்.

இலைத்துளை பிழைக்கிற பிழைப்பு லேசானதல்ல. இரண்டு உதடுகள், நடுவே ஒரு வாய், அவ்வளவுதான். உதடுகளில் தண்ணீர் நிறைந்தால் புடைத்து வாய் திறக்கும், வற்றினால் தொய்ந்து மூடிக்கொள்ளும். திறந்தால்தான் கரியமில வாயு உள்ளே வரும், செடி சாப்பிடும். ஆனால் திறந்த வாய் வழியாகவே தண்ணீர் ஆவியாகி வெளியே ஓடும். தின்பதா, தாகத்தோடு கிடப்பதா என்று ஒவ்வொரு இலையும் நாள் முழுக்க இந்தப் பேரத்திலேயே கிடக்கிறது. விளக்கு அணைந்தால் வாயை மூடும். மண் காய்ந்தால் மூடும். காற்று வறண்டால் மூடும். வாயு அளவுக்கு மிஞ்சினாலும், திறந்து வைத்து என்ன லாபம் என்று மூடும்.

பதினோரு மணிச் சுற்றில் எண்பது தொட்டியும் வாயைத் திறந்துகொண்டுதான் இருந்தன. இரண்டு மணிச் சுற்றில் மேல்தட்டு அப்படியே இருக்க, கீழ்த்தட்டு மட்டும் மூடியிருந்தது. அதிலும் சுவரை ஒட்டிய கடைசி வரிசையில் ஒன்றுகூடத் திறந்திருக்கவில்லை. நாலு மணிக்குப் போனால், ஒன்றுமே நடக்காதது போல எல்லாம் திறந்து கிடந்தன. மறுநாளும் இதே கதைதான், அதற்கு மறுநாளும்.

அவள் கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுக்கொண்டு பார்த்தாள். விளக்கு எரிந்தது. மண் ஈரமாக இருந்தது. காற்றிலும் ஈரம் சரியாக இருந்தது. கதவருகே பெட்டி வழக்கமான எண்ணைத்தான் காட்டியது. தெரிந்த நாலு காரணமும் கையை விரித்துவிட்டன.

"உன் பூச்சு கனமா விழுந்திருக்கும். துளைக்குள்ள போய் அடைச்சிருக்கும், அதான் மூடின மாதிரி தெரியுது" என்றார் பிரிவுத் தலைவியான மேடம், தலையை நிமிர்த்தாமலே.

பத்தொன்பது வருஷத்தில் அவள் பூச்சைக் குறை சொன்னவர் கிடையாது. முகம் சிவந்துபோய் வெளியே வந்தாள். மூன்று கம்பெனிப் பூச்சு மாற்றினாள். காய வைக்கும் நேரத்தைக் கூட்டினாள், குறைத்தாள். எதற்கும் இலைகள் மசியவில்லை. கடைசியில் அவளுக்கே தன் கைமேல் நம்பிக்கை விட்டுப்போயிற்று. வயசாகிறது, கை நடுங்குகிறது போலிருக்கிறது என்று நினைத்துக்கொண்டாள். இரண்டு மணிச் சுற்றின் கீழ்த்தட்டுக் கட்டங்களில் 'பூச்சுப் பிழை' என்று எழுதினாள். படலங்களைக் குப்பைக் கூடையில் போட்டாள். வெட்கமாக இருந்ததால் கசக்கிப் போட்டாள்.

போடுவதற்கு முன் ஒருமுறை பார்ப்பாள். அதுதான் தப்பாகப் போயிற்று. திறந்த துளைகளைப் பார்த்துப் பழகிய கண்ணுக்கு, நூற்றுக்கணக்கான வாய்கள் ஒன்று விடாமல் இறுக்கிக்கொண்டிருக்கும் அந்தக் காட்சி பிடிக்கவில்லை. யாரோ அறைக்குள் வந்து நின்று, அவள் வருவதற்குள் போய்விட்டது போல இருந்தது. வந்தது யாராக இருந்தாலும் கீழேதான், அந்தச் சுவரோரமாகத்தான் வந்திருக்க வேண்டும். ஒருநாள் அந்த வரிசையில் ஓர் இலையைத் தொட்டாள். வெதுவெதுப்பாக இருந்தது, காய்ச்சல் கண்ட பிள்ளையின் நெற்றி மாதிரி. வாய் மூடிய இலையில் தண்ணீர் ஆவியாகாது, ஆவியாகாவிட்டால் இலை குளிராது. இது அவளுக்குத் தெரியாத பாடமில்லை. தெரிந்தும் கையைச் சட்டென்று இழுத்துக்கொண்டாள்.

கூட்டுகிற அக்கா வேறு சும்மா இருக்கவில்லை. "திட்டாதேம்மா, உன் போர்டை மீறி நேத்து ரெண்டு மணிக்குப் பத்து நிமிஷம் இருக்கும்போது உள்ள போனேன். அந்தச் சுவரோரமா குனிஞ்சேன் பாரு, யாரோ நெஞ்சு மேல ஏறி உக்கார்ற மாதிரி இருந்துச்சு. அந்தப் பக்கம் இனி நான் துடைக்க மாட்டேன், ஆமா."

"முட்டி வலின்னு நேராச் சொல்லுங்களேன்க்கா. நெஞ்சை எதுக்கு இழுக்கிறீங்க?" என்று சிரித்து அனுப்பினாள்.

போர்டு அவள் வைத்ததுதான். 'பன்னிரண்டு முதல் இரண்டு வரை யாரும் நுழையக் கூடாது.' மனிதர் விடும் மூச்சிலும் கரியமில வாயு உண்டு. ஆள் வந்து போனால் இலைகள் குழம்பும், எண்ணிக்கை கெடும். அந்த ஒரு விஷயத்தில் அவள் பெண்புலி. மேடத்தையே ஒருமுறை வாசலோடு திருப்பி அனுப்பியிருக்கிறாள். அதனால் மதியத்தில் அந்தக் கட்டடத்திலேயே ஆள் எட்டிப்பார்க்காத ஒரே இடம் அந்த அறையாகிவிட்டது.

கீழ்த்தட்டு வாய் மூடத் தொடங்கிய பத்தொன்பதாவது நாள் காலையில் பாய்லர் படிக்கட்டில் நின்றுகொண்டு, இன்று என்ன கிழமை என்று அவளிடம் மூன்று தடவை கேட்டார். மூன்று தடவையும் அவள் பதில் சொன்னாள். சாப்பாட்டு நேரத்தில் பாதி டப்பாவை அப்படியே மூடினார்.

"எங்க கிளம்பிட்டீங்க?"

"வெளியில ஒரு நடை போயிட்டு வர்றேன். தலை கனக்குது."

"நாளைக்கு இதயம் பாக்கணும், ஞாபகம் இருக்கா?"

"நீதான் இருக்கியே, ஞாபகப்படுத்த" என்று சொல்லிவிட்டுப் போனார்.

அவளுக்கு உட்கார முடியவில்லை. இருப்பு கொள்ளாத மனசுக்கு ஏதாவது ஒரு வேலை வேண்டியிருந்தது. இன்றைக்கு இரண்டில் ஒன்று பார்த்துவிடுவது, தன் சட்டத்தைத் தானே மீறி ஒன்றரை மணிக்கே உள்ளே போய்ப் புதுப் பாட்டிலில் பூசிப் பார்ப்பது என்று எழுந்தாள்.

கதவைத் திறந்ததும் அவளை நிறுத்தியது சத்தமல்ல, சத்தம் இல்லாததுதான். விசிறி ஓடவில்லை. பத்தொன்பது வருஷத்தில் அந்த அறை வாய்மூடிக் கிடந்து அவள் பார்த்ததில்லை. வெள்ளை வெளிச்சத்தில் எண்பது செடிகளும் ஓர் இலைகூட ஆடாமல் நின்றன. பெட்டி வழக்கமான எண்ணையே காட்டியது. கழுத்துக்குப் பின்னால் மயிர் சிலிர்த்தது. திரும்பிப் போய்விடலாம் என்றுதான் கால் சொன்னது.

போகாமல் சுவரோரமாக வந்து குனிந்தாள். சோடா குடித்து மூக்கில் ஏறியது போலச் சுருக்கென்று குத்தியது. நெஞ்சு தடதடவென்று அடித்தது, இழுக்க இழுக்க மூச்சு போதவில்லை. கூட்டுகிற அக்கா சொன்ன அதே ஆள் அவள் நெஞ்சிலும் ஏறி உட்கார்ந்துவிட்டது. கையில் பட்ட இலை சுட்டது. அதற்கு அந்தப் பக்கம், தட்டுக்கும் சுவருக்கும் நடுவே ஓர் ஆள் படுக்கும் அகலத்தில், தரையில் விரித்த அட்டைப்பெட்டி மேல் இரண்டு கால்கள் தெரிந்தன. இடது காலுறையின் குதிகாலில் போட்டிருந்த தையல் அவள் போட்டது.

பாய்லர் ஒரு கையைத் தலைக்கு வைத்து மல்லாந்து கிடந்தார். வாய் திறந்திருந்தது. முகத்துக்குச் சாண் தூரத்தில் கீழ்த்தட்டு இலைகள் அவர் மேல் கவிந்திருந்தன.

அப்போதுதான் எல்லாம் ஒரே அடியாக அவளுக்கு விளங்கிற்று. நாலு மணிக்கு எழுகிற மனுஷன் மதியத்தில் தூங்க இடம் தேடியிருக்கிறார். அவள் போர்டு அவருக்கு இடம் காட்டியிருக்கிறது. சத்தம் ஆகாது என்று விசிறியை நிறுத்தியிருக்கிறார், இரண்டடிக்கக் கால் மணி இருக்கும்போது எழுந்து, அதைப் போட்டுவிட்டுப் போயிருக்கிறார். விசிறி நின்றால் அந்தக் கனத்த வாயு தரையில் தண்ணீர் மாதிரி தேங்கும், கண் மட்டத்தில் இருக்கும் பெட்டிக்கு ஒன்றும் தெரியாது. தெரிந்துகொண்டது தரையோரத்து இலைகள் மட்டும்தான்.

ஆவி பூதம் என்று பயந்தபோதுகூட அவள் இப்படி நடுங்கவில்லை. எழுந்து கதவருகே ஓடினாள், நெஞ்சு நிறைய மூச்சை இழுத்தாள், வாயை இறுக்கி மூடிக்கொண்டு குனிந்தாள். இரண்டு கணுக்காலையும் பிடித்து இழுத்தாள். அட்டை வந்தது, ஆள் வரவில்லை. மறுபடி போய் மூச்செடுத்து வந்து இழுத்தாள். தோள் ஒரு தொட்டியில் இடித்து அது உருண்டது. மூன்றாவது மூச்சில் அவர் நடைபாதைக்கு வந்து சேர்ந்தார். "அக்கா! யாராவது வாங்க!" என்று அவள் போட்ட கூச்சலில் துடைப்பத்தைப் போட்டுவிட்டு முதலில் ஓடி வந்தது கூட்டுகிற அக்காதான். அவர் உதடு நீலம் பாரித்திருந்தது. மார்பு மட்டும் லேசாக ஏறி இறங்கியது.

மறுநாள் மதியம் மருத்துவமனையில் பிராணவாயு முகமூடியைக் கழற்றிவிட்டார்கள். இதயம் கல்லு மாதிரி இருக்கிறது, இன்னும் கால் மணி நேரம் போயிருந்தால் அதனால் பிரயோஜனம் இருந்திருக்காது என்றார் மருத்துவர். கீழ்த்தட்டுக்கு அடியில் போன குழாய் இணைப்பில் ஒரு ரப்பர் வளையம் தேய்ந்திருந்ததாம். கசிந்த வாயு தன்பாட்டுக்குக் கசிய, சிலிண்டரைத் திறந்து மூடும் கருவி அந்த அளவுக்குத் தான் விடுவதைக் குறைத்துக்கொண்டதாம். விசிறி ஓடியவரை கணக்கு நேராகவே இருந்திருக்கிறது.

அவள் கட்டிலருகே உட்கார்ந்திருந்தாள். பாய்லர் கூரையைப் பார்த்தபடியே பேசினார்.

"சொன்னா நீ காய்வேன்னுதான் சொல்லல. உன் போர்டை மீறிட்டேன்."

"அதை விடுங்க இப்ப."

"ஒண்ணு சொல்றேன், சிரிக்காதே. அங்க படுத்து கண்ணு சொருகும்போது தினமும் ஒண்ணு தோணும். என்னைச் சுத்தி யாரோ மூச்சைப் பிடிச்சுக்கிட்டு நிக்கிற மாதிரி. எனக்குப் பயமே வரல. நீதான்னு நெனச்சேன். நான் திருட்டுத்தனமாத் தூங்குறதைப் பாத்துட்டு, எழுப்ப மனசு வராம நீ நிக்கிறேன்னு நெனச்சுக்குவேன். அப்புறம் நிம்மதியாத் தூங்கிடுவேன்."

ஆமாம் என்று சொல்லியிருக்கலாம். அவர் நம்பியிருப்பார். அவள் அவர் கையைப் பிடித்துக்கொண்டாள்.

"நான் இல்லைங்க. நான் முப்பது அடி தள்ளி என் மேஜையில உக்காந்திருந்தேன். உள்ள என்ன நடக்குதுன்னு அந்தச் செடிங்க பதினெட்டு நாளும் எனக்கு எழுதிக் குடுத்துச்சுங்க. என் பூச்சு சரியில்லைன்னு அத்தனையையும் கசக்கிக் குப்பையில போட்டேன்."

அவர் கூரையிலிருந்து பார்வையை எடுத்து அவள் பக்கம் தலையைத் திருப்பினார்.

"அதுங்களுக்கு வாயை மூடிக்கத் தெரிஞ்சுது. நான்தான் திறந்துட்டுக் கிடந்தேன்" என்று சொல்லிச் சிரிக்கப் பார்த்தார்.

அவள் தலையைக் கட்டில் விளிம்பில் வைத்து, வார்டே திரும்பிப் பார்க்கும்படி அழுதாள்.