இப்ப அனுப்பிப் பாருங்க

கொழுந்தனோட ஒரே ஆபீசுல வேலை பார்க்கிற கொடுமை என் எதிரிக்கும் வரக் கூடாது. அவன் கம்ப்யூட்டர் பிரிவு, நான் சர்வீஸ் பிரிவு. எங்க கம்பெனி, லிஃப்ட் பராமரிக்கிற கம்பெனி. மெக்கானிக் போய்ப் பார்த்து, கோளாறுன்னா எனக்கு போன் போடுவார். நான் சர்வீஸ் முகவரியிலேருந்து, "லிஃப்டை நிறுத்துங்க"ன்னு மெயில் போட்டாத்தான் கட்டடத்துக்காரங்க நிறுத்துவாங்க. வாயால சொன்னா ஒருத்தனும் மதிக்க மாட்டான்.

அன்னிக்குக் காலையில மெக்கானிக் கூப்பிட்டார். எங்க ஆபீசுக்குப் பின்தெரு, அஞ்சு மாடிக் கட்டடம், உச்சியில எலும்பு டாக்டரோட கிளினிக்.

"பிரேக் சுத்தமா தேஞ்சு போச்சும்மா. நிறுத்தறேன்னா, இங்க பார்த்துக்கிற ஆள் மெயில் வரட்டும்ங்கறான். ஜனங்க ஏறிக்கிட்டே இருக்காங்க. சீக்கிரம் போடுங்க."

உடனே அடிச்சேன், அனுப்பினேன். திரும்பி வந்துடுச்சு. 'இந்த முகவரியிலிருந்து அனுப்ப உங்களுக்கு அனுமதி இல்லை'யாம். வருஷக்கணக்கா நான்தானே அனுப்பிட்டிருக்கேன்? நேத்து வரைக்கும் இருந்த அனுமதி எந்தக் காக்கா தூக்கிட்டுப் போச்சு?

கொழுந்தனுக்கு போன் போட்டேன். வீட்டுல அண்ணி, ஆபீசுல மேடம். இது எங்களுக்குள்ள ஒப்பந்தம். அவனும் தவறினதே இல்ல.

"கம்ப்யூட்டரை அணைச்சுப் போடுங்க மேடம். ஆச்சா? இப்ப அனுப்பிப் பாருங்க."

போகல.

"பாஸ்வேர்டை மாத்துங்க. இப்ப அனுப்பிப் பாருங்க."

போகல. என் சொந்த முகவரியிலேருந்து போட்டுப் பார்த்தேன். அந்தக் கட்டடத்து ஆள் போன்ல எகிறினான்: "யாரும்மா நீ? நாளைக்கு எவன் வேணா நிறுத்துன்னு எழுதுவான், நிறுத்திடணுமா? சர்வீஸ்லேருந்து வரட்டும்." வெச்சுட்டான். அவன் வாயை நல்லா சோப்பு போட்டுக் கழுவணும்.

மறுபடி கொழுந்தன். "கொஞ்சம் பொறுங்க அண்ணி, சர்வர்ல ஏதோ..."

அண்ணியா? ஆபீஸ் நேரத்துல அண்ணியா? என் ஸ்கூட்டரைக் கொண்டு போய்ச் சுவத்துல இடிச்சுட்டு வந்து வாசல்ல நின்னான் பாருங்க, அன்னிக்கும் இதே இழுப்புதான், இதே அண்ணிதான். போனை வெச்சுட்டு நேரா அவன் ரூமுக்கே போயிட்டேன்.

"மூஞ்சியைப் பார்த்துப் பேசுடா. என்ன பண்ணி வெச்சிருக்கே?"

திரையை விட்டுத் திரும்பினான். "மேனேஜர் நேத்து சாயங்காலம் உங்க அனுமதியை எடுக்கச் சொன்னார் அண்ணி. போன மாசம் நீங்க ஒரு லிஃப்டை நிறுத்தப் போய் அந்த கான்ட்ராக்டே கை நழுவிடுச்சாம். பின்தெருக் கட்டடத்துல நாளைக்குப் புது கான்ட்ராக்ட் கையெழுத்து. அது வரைக்கும் ஏதாவது சாக்குச் சொல்லிட்டே இருன்னார்."

எனக்கு வந்துச்சே கோவம்! மேனேஜர் மேல கூட அப்புறம்தான். "அப்போ அணைச்சுப் போடு, மாத்திப் போடுன்னு இவ்வளவு நேரம் என்னை ஆட்டி வெச்சியே, உனக்கே நல்லா இருக்கா? என் கையால சாப்பிட்டுத்தானேடா வந்தே?"

"வேலை இப்பத்தான் நிரந்தரம் ஆகியிருக்கு அண்ணி. பிரேக் விஷயம் எனக்குத் தெரியாது."

"இப்பத் தெரிஞ்சுடுச்சுல்ல? அனுமதியைப் போடு."

கீபோர்டையே பார்த்துட்டு உட்கார்ந்திருந்தான். மேனேஜர் ரூம் கதவைத் தட்டினேன். தலையை மட்டும் நீட்டி, "எல்லாம் நாளைக்குப் பார்த்துக்கலாம்மா"ன்னு சொல்லிச் சாத்திட்டார். நாளைக்காம் நாளைக்கு! நல்லா வருது வாயில.

செருப்பு தேய நடந்தேன் பின்தெருவுக்கு. நான் போய் நின்ன நேரம் லிஃப்ட் இறங்கி வந்துச்சு. தரைக்கு ஒரு சாண் கீழே போய் நின்னுச்சு. உள்ளே இருந்தவங்க என்னமோ படி ஏறுற மாதிரி சாதாரணமா காலைத் தூக்கி வெச்சு வெளியே வந்தாங்க. வெளியே ஒரு அப்பா, காலில மாவுக்கட்டுப் போட்ட மகளை இடுப்புல தூக்கிக்கிட்டு ஏறக் காத்திருந்தார்.

வாட்ச்மேனோட பிளாஸ்டிக் நாற்காலியை இழுத்துக் கதவுக்கு நடுவுல சொருகிட்டேன். கதவு வந்து நாற்காலியில இடிச்சுது, திறந்துது, மறுபடி இடிச்சுது. நான் வெளியிலேயே நின்னு நாற்காலியோட முதுகை இறுக்கிப் பிடிச்சுக்கிட்டேன்.

"என்னம்மா, உன் வீட்டு லிஃப்ட்டா இது?"ன்னார் அந்த அப்பா.

"ஆமாங்க, என் வீட்டு லிஃப்ட்டுதான். ஏறக் கூடாதுன்னா ஏறக் கூடாது!"

வாட்ச்மேன் நாற்காலியை ஒரு பக்கம் இழுக்கிறார், நான் ஒரு பக்கம் இழுக்கிறேன். கட்டடத்து ஆளும் ஓடி வந்து போலீசைக் கூப்பிடுவேன்னு குதிக்கிறான். "தாராளமா கூப்பிடு, அவங்களையும் முதல்ல லிஃப்ட்ல ஏத்தி விடு"ன்னேன். நடுவுல ஒரு கையால கொழுந்தனுக்கு போன் போட்டேன்.

"நான் லிஃப்ட் வாசல்லதான் நிக்கிறேன். காலில கட்டுப் போட்ட குழந்தை ஒண்ணு என் பக்கத்துல இருக்கு. நாற்காலியை விட்டா ஏத்திடுவாங்க. உன்கிட்ட இனிமே கேக்க மாட்டேன். விஷயத்தைச் சொல்லிட்டேன், அவ்வளவுதான்."

அந்தப் பக்கம் டொக் டொக்னு கீபோர்டு சத்தம். யாரோ அதட்டுற சத்தம். அப்புறம் அவன் குரல், இழுப்பே இல்லாம:

"மேடம். இப்ப அனுப்பிப் பாருங்க."

போன்லயே மெயிலை எடுத்து அமுக்கினேன். போயிடுச்சு. கட்டடத்து ஆளோட போன் சிணுங்குச்சு. படிச்சான். என்னைப் பார்த்தான், அந்தக் குழந்தையைப் பார்த்தான். போய் சுவிட்சை அணைச்சான். கதவு அப்படியே நின்னு போச்சு. அந்த அப்பா மகளைத் தூக்கிக்கிட்டுப் படிக்கட்டுப் பக்கம் நடந்தார். நான் அந்த நாற்காலியிலேயே உட்கார்ந்துட்டேன். போனை மறுபடி காதுல வெச்சேன்.

"யாருடா அங்க கத்தறது?"

"மேனேஜர்தான் மேடம். பக்கத்துலதான் நிக்கிறார். என் ஐடி கார்டைக் கழட்டச் சொல்லிட்டார்."

காலையிலேருந்து சேர்த்து வெச்ச திட்டெல்லாம் நாக்கு நுனியில நின்னுச்சு. ஒண்ணாவது வெளியே வந்தாத்தானே!

"கழட்டிக் குடுத்துட்டு வாடா"ன்னேன். "வாசல்ல நில்லு. நான் வந்து வண்டியை எடுக்கறேன், சேர்ந்தே வீட்டுக்குப் போகலாம்."